பத்மினியின் பாதங்களை வெட்டியது யார்?

அன்புள்ள ஐயா,

ஈரோட்டில் வேலை பார்க்கிறேன். பெரியப்பா, சித்தப்பா, அத்தை வீட்டுப் பிள்ளைகள் எல்லோரும் சேர்ந்து ஒரு வாட்ஸப் குழு வைத்திருக்கிறோம். ஞாயிற்றுக்கிழமை ராத்திரி அவரவர் வீட்டில் ஒரே படத்தைப் பார்த்துவிட்டு அதில் கருத்து எழுதுவோம். போன வாரம் 'தில்லானா மோகனாம்பாள்'. புதிதாக வாங்கிய 55 இஞ்ச் டிவியில், இணையத்தில் கிடைத்த பிரதியைப் பார்த்தேன். படம் திரை முழுக்க நன்றாகவே தெரிந்தது. ஆனால் நாட்டியக் காட்சிகளில் பத்மினியின் பாதமே பல இடங்களில் ஃப்ரேமில் இல்லை, கணுக்காலோடு வெட்டுப்படுகிறது. "அந்தக் காலத்து கேமராமேனுக்கு நாட்டியத்தைப் படமெடுக்கத் தெரியவில்லை, இந்தப் படத்தைச் சும்மா தூக்கி வைத்திருக்கிறார்கள்" என்று எழுதினேன். பெரியப்பா கோபித்துக்கொண்டு குழுவை விட்டே போய்விட்டார்.

பெரியவர்கள் பழைய படத்தைப் பார்க்கிறார்களா, இல்லை தங்கள் இளமையைப் பார்க்கிறார்களா? தியேட்டரில் பார்க்காமல் வீட்டில் பார்த்துவிட்டு ஒரு படத்தைப் பற்றிக் கருத்து சொல்லலாமா? எங்கள் குழுவுக்குப் பத்துப் படங்கள் பரிந்துரைக்க முடியுமா?

(பெயர் வெளியிட வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகர்)

அன்புள்ள தம்பி,

உங்கள் கடிதத்தில் உள்ள மூன்று கேள்விகளுக்காக இதை எழுதவில்லை. 'படம் திரை முழுக்க நன்றாகவே தெரிந்தது' என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். கொஞ்ச நாளாகவே எனக்குள் கிடந்து உறுத்திக்கொண்டிருக்கும் விஷயம் அந்த வரியில் இருக்கிறது.

அதற்கு முன்னால் ஒன்று. 1968இல் வந்த ஒரு படத்தைப் பற்றி ஒரு குடும்பமே ஞாயிற்றுக்கிழமை ராத்திரி உட்கார்ந்து சண்டை போடுகிறது என்று படித்தபோது மனது நிறைந்துபோயிற்று. அந்தக் குழுவை விட்டுவிடாதீர்கள். தியேட்டரா வீடா என்ற பட்டிமன்றத்தில் எனக்கு ஆர்வம் கிடையாது. என் தலைமுறையில் முக்கால்வாசிப் பேர் நல்ல படங்களை முதலில் பார்த்தது தூர்தர்ஷனில்தான், அதுவும் பக்கத்து வீட்டுத் திண்ணையிலிருந்து எட்டிப் பார்த்து. வீட்டில் பார்த்துவிட்டுத் தாராளமாகக் கருத்து சொல்லலாம். ஆனால் பார்த்தது அந்தப் படம்தானா என்று முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். நீங்கள் பார்த்தது 'தில்லானா மோகனாம்பாள்' இல்லை, தம்பி. அதில் முக்கால் பங்கைத்தான் பார்த்திருக்கிறீர்கள்.

கணக்கு எளிது. தமிழின் முதல் சினிமாஸ்கோப் படம், அதாவது அகலத்திரைப் படம், 'ராஜராஜ சோழன்', 1973இல் வந்தது. அதற்கு முந்தைய நம் படங்களில் உயரம் 1 என்றால் அகலம் 1.37. ஏறக்குறைய பழைய டப்பா டிவியின் வடிவம். இன்றைய டிவி 16க்கு 9, அதாவது உயரம் 1 என்றால் அகலம் 1.78. அந்தக் காலத்துப் படம் இந்த டிவியில் முழுசாகத் தெரிய வேண்டுமானால் இடமும் வலமும் கருப்புப் பட்டை இருந்தே தீரும். கருப்பு இல்லாமல் திரை நிறைந்திருந்தால் யாரோ கை வைத்திருக்கிறார்கள். படத்தைப் பக்கவாட்டில் இழுத்திருந்தால் எல்லோரும் பூசினாற்போலப் பருத்துத் தெரிவார்கள். அப்படித் தெரிந்ததாக நீங்கள் எழுதவில்லை. அப்படியானால் படத்தைப் பெரிதாக்கி மேலும் கீழும் வெட்டியிருக்கிறார்கள். உயரத்தில் 100க்கு 23 பங்கு அதில் போய்விடும். வெட்டுகிறவர் முகத்தைக் காப்பாற்றத்தான் பார்ப்பார். தலை போனால் யாருக்கும் தெரிந்துவிடும், கால் போனால் தெரியாது. அதனால் வெட்டு காலில் விழுகிறது.

விழுந்த இடம் எது என்று யோசித்துப் பாருங்கள். அந்தப் படத்தின் கதையே ஒரு போட்டி. சிக்கல் சண்முகசுந்தரத்தின் நாதஸ்வரமா, மோகனாம்பாளின் ஆட்டமா? மதுரை எம்.பி.என். சேதுராமன், பொன்னுசாமி சகோதரர்களின் வாசிப்புக்கு சிவாஜி கன்னமும் கண்ணும் விரலும் கொடுத்து உட்கார்ந்திருக்கிறார். பக்கத்தில் தவிலோடு பாலையா. அந்தப் பக்கத்திலிருந்து வருகிற ஒவ்வொரு வேகத்துக்கும் பத்மினி பதில் சொல்லியாக வேண்டும். பதில் எங்கிருந்து வருகிறது? பாதத்திலிருந்து. குதிகால் தட்டுவது, முன்பாதத்தில் எழும்பி நிற்பது, சலங்கை அதிர்ந்து அடங்குவது, இதுதான் அவர் தரப்பு வாதம். அதை வெட்டிவிட்டால் ஒருவர் கேள்வி கேட்பது மட்டும் தெரியும், மற்றவர் சொன்ன பதில் தெரியாது. உங்களுக்குப் போட்டி சப்பென்று இருந்திருக்கும். இருக்கத்தானே செய்யும்?

'நலந்தானா' பாட்டில் விஷயம் வேறு. ஊர்க் கூட்டத்துக்கு நடுவில், கையில் அடிபட்ட ஒரு மனிதரிடம் ஒரு பெண் உடம்பு எப்படி இருக்கிறது என்று ஆடிக்கொண்டே கேட்கிறாள். அங்கே பாதத்தைவிட முகம் முக்கியம். ஒளிப்பதிவாளர் கே.எஸ். பிரசாத்துக்கு எங்கே முகம் வேண்டும், எங்கே முழு உடம்பு வேண்டும் என்ற கணக்கு இருந்திருக்கிறது. அந்தக் கணக்கை யாரோ ஒரு பட்டனைத் தட்டிக் கலைத்துப்போட்டார். பழி அந்தக் கலைஞர் தலையில் விழுந்தது, நீங்கள் அதற்குக் கையெழுத்துப் போட்டீர்கள். 'தெரியவில்லை' என்று எவ்வளவு சுலபமாக எழுதிவிட்டீர்கள்! வாழ்நாள் முழுக்க ஒரு வேலையைச் செய்தவரைப் பற்றி அப்படி எழுதுமுன் ஒரு நிமிடம் சந்தேகம் வர வேண்டாமா? ஒரு நாட்டியப் படத்தில் பாதம் தெரியவில்லை என்றால், எடுத்தவர் முட்டாளா, நமக்கு வந்து சேர்ந்த பிரதியில் கோளாறா என்று கேட்கத் தோன்ற வேண்டாமா?

பெரியப்பா தன் இளமையைப் பார்த்தாரா என்று கேட்கிறீர்கள். அவர் பாதத்தைப் பார்த்திருக்கிறார். அதனால்தான் அவருக்குக் கோபம் வந்தது. போன் போட்டுப் பேசுங்கள். வாட்ஸப்பில் ஒரு சாரி தட்டிவிட்டு ஒதுங்கிக்கொள்ள வேண்டாம்.

என் சித்தப்பா தென்மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றில் தியேட்டர் ஆப்பரேட்டராக இருந்தார். பள்ளி விடுமுறைகளில் பாதி நேரம் அவருடைய கேபினில்தான் கிடப்பேன். அப்போது ப்ரொஜக்டருக்கு விளக்கு கார்பன் குச்சிகள்தான். குச்சி இரண்டும் எரிகிற வெளிச்சத்தைக் கருப்புக் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டே இருப்பார், குச்சி தேயத் தேய நகர்த்திக் கொடுப்பார். ரீல் முடியப்போகிறது என்பதற்குத் திரையின் வலது மேல் மூலையில் ஒரு புள்ளி மின்னும், அடுத்த ப்ரொஜக்டரில் கை வைத்துத் தயாராக நிற்பார். ஆனால் அவர் உயிராகப் பாதுகாத்தது ஒரு சின்ன உலோகத் தகட்டை. ஃபிலிம் ஓடுகிற கேட்டில் செருகுவது, நடுவில் நீள்சதுரமாக ஓட்டை, ஒரு கைக்குள் அடங்கிவிடும். படத்தின் எவ்வளவு பாகம் திரைக்குப் போக வேண்டும் என்பதை அந்த ஓட்டைதான் தீர்மானிக்கும். சாதாரணப் படத்துக்கு ஒரு தகடு, ஸ்கோப்புக்கு ஒன்று. கேபின் உயரத்தில் இருந்து சாய்வாக அடிப்பதால் திரையில் படம் கீழே விரிந்து மேலே குறுகும். அதைச் சரிக்கட்ட சித்தப்பா மெல்லிய அரம் ஒன்றை வைத்துக்கொண்டு தகட்டின் ஓரத்தைத் தேய்ப்பார். படம் கேட்டில் தலைகீழாக ஓடும், அதனால் எந்தப் பக்கம் தேய்க்கிறோம் என்பதில் கவனம் வேண்டும். இரண்டு இழுப்பு இழுப்பார், செருகுவார், வெறும் வெளிச்சத்தைத் திரையில் அடித்துப் பார்ப்பார். மறுபடி கழற்றி இரண்டு இழுப்பு. வேலை முடிந்ததும் துணியில் சுற்றி டப்பாவில் வைத்துவிடுவார். நான் தொட்டால் கையில் அடி விழும். திரையில் ஒரு விரல்கடை அளவுகூடப் படம் வீணாகக் கூடாது என்பதற்காக அவ்வளவு பாடு. அவர் பெயர் எந்தப் படத்தின் டைட்டிலிலும் வந்ததில்லை.

ஸ்கோப் படம் ஓடும் நாட்களில் இன்னொரு வேலையும் இருக்கும். முதலில் ஃபிலிம்ஸ் டிவிஷன் நியூஸ்ரீல் ஓடும், அது சாதாரண அளவு. ஸ்கோப் படம் ஃபிலிமில் பக்கவாட்டில் நெருக்கிப் பதிவாகியிருக்கும், அதனால் மெயின் படம் தொடங்கும்போது அதை விரித்துக் காட்டுகிற லென்ஸுக்கு மாற்ற வேண்டும். மாற்றக் கொஞ்சம் தாமதமானால் போச்சு, கதாநாயகர் கொடிக்கம்பம் மாதிரி ஒல்லியாக நிற்பார். அடுத்த நொடியே தரை டிக்கெட்டிலிருந்து விசில் பறக்கும். "டேய் ஆப்பரேட்டரு, தூங்குறியா? லென்ஸைப் போடுடா!" என்று மொத்தக் கொட்டகையும் பின்னால் திரும்பிக் கேபினைப் பார்த்துக் கத்தும். தீப்பெட்டி ஆபீசில் நாள் முழுக்க வேலை செய்துவிட்டு வந்த மக்கள். ஆஸ்பெக்ட் ரேஷியோ, அகலத்துக்கும் உயரத்துக்கும் உள்ள விகிதம் என்றெல்லாம் அவர்கள் கேள்விப்பட்டதே கிடையாது. ஆனால் கொடுத்த காசுக்குப் படம் ஒழுங்காகத் தெரிய வேண்டும், கோணலாகத் தெரிந்தால் கத்த வேண்டும் என்று தெரிந்து வைத்திருந்தார்கள்.

அந்த மக்களின் பேரப்பிள்ளைகள்தான் இன்று சொந்த வீட்டில், அரை லட்சம் கொடுத்து வாங்கிய டிவியில், பருத்துப்போன சாவித்திரியை மூன்று மணி நேரம் வாய் திறக்காமல் பார்க்கிறார்கள். போன மாதம் ஒரு உறவினர் வீட்டில் நடந்தது இது. படம் நல்லபடியாக, இரண்டு பக்கமும் கருப்போடு ஓடிக்கொண்டிருந்தது. வீட்டுக்காரர் ரிமோட்டை எடுத்து, "இவ்வளவு பெரிய டிவி வாங்கியும் ரெண்டு பக்கமும் வேஸ்ட்டாப் போகுது பாருங்க" என்று சொல்லிப் படத்தை இழுத்துவிட்டார். நான் ரிமோட்டை வாங்கி மாற்றினேன். கொஞ்ச நேரத்தில் அவர் மறுபடி இழுத்தார். அந்தக் கருப்பு வேஸ்ட் இல்லை. படம் முழுசாக வந்திருக்கிறது என்பதற்கு அதுதான் அத்தாட்சி. தம்பி, தியேட்டரில் கத்தினால் கேட்க ஒருவர் இருந்தார். வீட்டில் கேபினுக்குள் உட்கார்ந்திருப்பது நீங்கள். அந்த வேலையைச் செய்துவிட்டு அப்புறம் கருத்து சொல்லுங்கள்.

ஸ்கோப் படங்களுக்கு இதே கொடுமை வேறு பக்கத்திலிருந்து நடக்கிறது. 2.35 அகலப் படம் 16க்கு 9 டிவியில் வந்தால் மேலும் கீழும் கருப்பு நிற்கும். அதைப் பொறுக்காமல் ஜூம் செய்தால் பக்கங்களில் கிட்டத்தட்ட கால் பங்கு போய்விடும். ஃப்ரேமின் இரண்டு கோடிகளில் நின்று பேசும் இருவரில் மூக்கு நுனிகள் மட்டும் மிஞ்சும்.

இதைச் சரியாகச் செய்தவர்களும் இருக்கிறார்கள். சத்யஜித் ராயின் 'பதேர் பாஞ்சாலி'யின் மூல நெகட்டிவ் 1993இல் லண்டனில் நடந்த லேப் தீ விபத்தில் கருகியது. கருகியதைத் தூக்கிப் போடாமல், இத்தாலியில் பொலோன்யாவில் உள்ள ஒரு லேபில் கையாலேயே சீர்செய்து, தேறிய பாகங்களை மீட்டு, 2015இல் புதுப் பிரதியாகத் திரைக்குக் கொண்டுவந்தார்கள். இவ்வளவு பாடுபட்டவர்கள் பழைய 1.37 சட்டகத்தைத் தொடவில்லை. இன்றைய திரையை நிரப்ப வேண்டும் என்று அதிலிருந்து ஒரு கீற்றைக்கூட வெட்டவில்லை. நம் ஊரில் தீ விபத்து எதுவும் நடக்காமலே பாதத்தை வெட்டி எறிகிறோம்.

அப்புறம், புது டிவி என்கிறீர்கள். அதில் இன்னொன்றையும் அணைக்க வேண்டியிருக்கும். சினிமா நொடிக்கு 24 படங்கள். டிவி அவற்றுக்கு நடுவே தானாகவே படங்களைத் தயாரித்துச் செருகும், அதனால்தான் சில வீடுகளில் எந்தப் படமும் சீரியல் மாதிரி வழுவழுவென்று தெரிகிறது. எல்ஜியில் ட்ரூமோஷன், சோனியில் மோஷன்ஃப்ளோ, சாம்சங்கில் பிக்சர் க்ளாரிட்டி என்று செட்டிங்ஸில் இருக்கும். 2018இல் டாம் குரூஸ் இதை அணைக்கச் சொல்லி வீடியோவே போட்டார். படத்தை எடுத்தபடியே காட்டுவதற்காக 2019இல் ஃபிலிம்மேக்கர் மோட் என்று ஒன்றை அறிவித்தார்கள், உங்கள் டிவியில் இருந்தால் அதைப் போட்டுவிடுங்கள், பாதிப் பிரச்சினை தீரும்.

பத்துப் படப் பட்டியல் தரப்போவதில்லை. பட்டியல்கள் எங்கும் கிடைக்கின்றன. இதே படத்தின் வெட்டாத பிரதியைத் தேடிப் பிடித்து, அடுத்த ஞாயிற்றுக்கிழமை குழுவில் எல்லோரும் மறுபடி பாருங்கள். படம் தொடங்கியதும் டைட்டில் எழுத்துகளைக் கவனியுங்கள். மேலேயோ கீழேயோ எழுத்து வெட்டுப்பட்டால் அந்தப் பிரதி ஆகாது, அடுத்ததைத் தேடுங்கள்.

தேடும்போது இன்னொரு காரியமும் செய்யுங்கள். வெட்டிய பிரதிகளை ஏற்றுகிறவர்கள் எல்லோரும் திருட்டு ஆசாமிகள் இல்லை, உரிமை வாங்கியவர்களே அப்படி ஏற்றுகிறார்கள். அவற்றுக்குக் கீழே ஆயிரக்கணக்கில் கமெண்டுகள். 'இந்த வருஷமும் யாரெல்லாம் பார்க்கிறீர்கள்?' 'இந்த மாதிரி படம் இனி வருமா?' அந்தப் பெருமூச்சுகளுக்கு நடுவே, நான் பார்த்தவரை, படத்தை ஏன் வெட்டினாய் என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. நீங்கள் கேளுங்கள். எந்த நிமிடத்தில் பாதம் போகிறது என்று நேரத்தைக் குறிப்பிட்டு, முழு ஃப்ரேமோடு மறுபடி ஏற்றச் சொல்லி எழுதுங்கள். உங்கள் குழுவில் உள்ள அத்தனை பேரையும் எழுதச் சொல்லுங்கள்.