பெயர் மட்டும் கொடுத்தால் போதுமா? தொண்டு நிறுவனக் குழுவில் இருப்பவர்களின் கேள்விகள்

மாணவர்களைப் படிக்க வைக்கும் தொண்டு நிறுவனங்களின் நிர்வாகக் குழுக்களில் பல வருடம் இருந்தவன் என்பதால் இந்த மாதிரிக் கேள்விகள் எனக்கு வந்துகொண்டே இருக்கின்றன. சிலவற்றைச் சுருக்கித் தருகிறேன்.

"உங்கள் பெயர் இருந்தால் போதும், வேலை ஒன்றும் இருக்காது" என்று நண்பர் ஒருவர் தன் அறக்கட்டளைக் குழுவில் சேரச் சொல்கிறார். சேரலாமா?

அப்படிச் சொல்லித்தான் கூப்பிட்டார் என்றால் கொஞ்சம் பொறுங்கள். கணக்கில் குளறுபடி வந்தால் "நான் கூட்டத்துக்கே போகவில்லை" என்பது காப்பாற்றாது, சொல்லப்போனால் அதுவே உங்கள் மேல் விழும் குற்றமாகிவிடும். நிறுவனத்தின் விதிமுறைகள், கடைசி மூன்று வருடத்துத் தணிக்கை செய்த கணக்கு, போன வருடக் கூட்டக் குறிப்புகள் எல்லாவற்றையும் கேளுங்கள். பதவிக்காலம் எவ்வளவு, குழுவில் இருப்பவர்களே நன்கொடை தர வேண்டுமா என்பதையும் கேளுங்கள். சந்தோஷமாக எடுத்துக் கொடுத்தால் சேரலாம். "என் மேல் நம்பிக்கை இல்லையா?" என்று முகம் சுருங்கினால் நட்போடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

எனக்கு வரவு செலவுக் கணக்கு படிக்கத் தெரியாது. எல்லோரும் தலையாட்டும்போது நானும் ஆட்டிவிடுகிறேன்.

அங்கே ஆடுகிற மற்ற தலைகளில் பலவும் உங்கள் நிலைமையில்தான் இருக்கும். சரி, இரண்டே கேள்வி கேட்டுப் பழகுங்கள். வங்கியில் இருக்கும் பணத்தில் எவ்வளவு குறிப்பிட்ட காரியத்துக்கென்று வந்தது? விடுதிக் கட்டணத்துக்கு என்று சொல்லிக் கொடுத்த நன்கொடையை எடுத்து அலுவலக வாடகை கட்டக் கூடாது. அடுத்தது, ஏற்கெனவே சேர்த்த மாணவர்கள் படித்து முடிக்கும்வரை இன்னும் எவ்வளவு தர வேண்டியிருக்கிறது?

இதில்தான் நல்ல மனசுக்காரர்கள் வழுக்கி விழுகிறார்கள். நான்கு வருடப் படிப்புக்கு வருடம் 20 பேரைச் சேர்க்கிறீர்கள் என்று வையுங்கள். முதல் வருடம் 20 பேருக்குக் கட்டணம், அடுத்த வருடம் புதியவர்களும் சேர்ந்து 40, அப்புறம் 60, நான்காவது வருடம் 80. சேர்க்கும் எண்ணிக்கை கூடவே இல்லை, செலவு மட்டும் நான்கு மடங்கு. நான் இருந்த ஒரு குழுவில் முதல் வருடம் மீந்த பணத்தைப் பார்த்துப் பூரித்துப்போய் இரண்டாவது வருடம் சேர்க்கையை இரட்டிப்பாக்கினோம். மூன்றாவது வருடம் பாதிப் படிப்பில் நிற்கிற பிள்ளைகளுக்காக ஆளாளுக்குத் தெரிந்தவர்களிடம் கை நீட்டிக்கொண்டிருந்தோம். பாதியில் நின்ற உதவி உதவாததைவிட மோசம், ஏனென்றால் நம்மை நம்பித்தான் அந்த வீட்டார் வேறு வழி தேடாமல் இருந்திருப்பார்கள். பொதுவாக மூன்று முதல் ஆறு மாதச் செலவுக்கான தொகையை ஒதுக்கி வைக்கச் சொல்வார்கள். கல்வி உதவித்தொகைக்கு ஒரு முழுக் கல்வியாண்டாவது வேண்டும் என்பது என் கட்சி.

என் அக்கா பையன் உதவித்தொகைக்கு விண்ணப்பித்திருக்கிறான். உண்மையிலேயே தகுதி உள்ளவன்.

இருக்கட்டும். சில நிறுவனங்களில் உறுப்பினரின் நெருங்கிய உறவினர் விண்ணப்பிக்கவே முடியாது, முதலில் அதைப் பாருங்கள். முடியும் என்றால் உறவை எழுத்தில் தெரிவியுங்கள், அந்தப் பேச்சு வரும்போது அறையைவிட்டு வெளியேறுங்கள், வெளியேறியதைக் கூட்டக் குறிப்பில் பதியச் சொல்லுங்கள். மற்ற விண்ணப்பங்களையும் தொடாதீர்கள், அவர்களும் அவனோடு போட்டியிடுகிறவர்கள்தானே. என்னைக் கேட்டால் தேர்வில் குழு தலையிடவே வேண்டாம்: விதியைக் குழு எழுதட்டும், பெயரை மறைத்த விண்ணப்பங்களை வெளியாட்கள் மதிப்பிடட்டும்.

வாரம் ஒருமுறை அலுவலகம் போய் ஊழியர்களுக்கு வழிகாட்டுகிறேன். இயக்குநர் முகம் கொடுத்துப் பேசுவதில்லை.

எப்படிப் பேசுவார்? கூடி முடிவெடுக்கும்போதுதான் அது குழு. கூட்டம் கலைந்தபின் தனி உறுப்பினருக்கு ஒரு பென்சில் வாங்கச் சொல்லும் அதிகாரம்கூடக் கிடையாது, குழுவே ஒப்படைத்திருந்தால் தவிர. இயக்குநரை நியமிப்பது, அவர் வேலையை மதிப்பிடுவது, தேவைப்பட்டால் மாற்றுவது உங்கள் பொறுப்பு. அவருக்குக் கீழே இருப்பவர்களை அவர் பார்த்துக்கொள்வார். ஊழியரே இல்லாத சின்ன அமைப்பு என்றால் வேறு கதை, எல்லா வேலையும் உங்கள் தலையில்தான். அப்போதும் பணம் எடுக்க இரண்டு பேர் கையெழுத்து வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நன்கொடையாளர் மாணவர்களோடு படம் எடுத்துக்கொள்ளக் கேட்கிறார்.

வேண்டாம். பணத்துக்காகக் காத்து நிற்கும் பிள்ளை "மாட்டேன்" என்று எப்படிச் சொல்லும்? எத்தனை பேர் சேர்ந்தார்கள், எத்தனை பேர் முடித்தார்கள் என்ற அறிக்கையை அனுப்புங்கள்.

எங்கள் உதவியில் படித்த ஒருவரைக் குழுவில் சேர்க்க நினைக்கிறோம்.

இரண்டு பேராகச் சேருங்கள். தனியாக ஒருவர் என்றால் நன்றி சொல்லியே ஓய்ந்துவிடுவார், எதிர்த்துப் பேச வாய் வராது. வேலை நாளில் காலை 11 மணிக்குக் கூட்டம் வைத்தால் புதிதாக வேலைக்குப் போகிறவர் எப்படி வருவார் என்பதையும் யோசியுங்கள், பயணச் செலவையும் கொடுத்துவிடுங்கள். எங்கள் குழுவுக்கு அப்படி வந்த ஒரு பெண் முதல் கூட்டத்திலேயே கேட்டார், கட்டணம் கட்டக் கடைசித் தேதி முடிந்து பத்து நாள் கழித்து ஏன் பணம் அனுப்புகிறீர்கள் என்று. அப்படித்தான் அனுப்பிக்கொண்டிருக்கிறோம் என்பதே எங்களில் ஒருவருக்கும் தெரிந்திருக்கவில்லை.