ஃப்ரீசர் எலியும் நெல்லை வெயிலும்

கேள்வி: என் மகன் சென்னையில் வேலை பார்த்தபோது ஒரு பால் பைத்தான் (பந்து மாதிரிச் சுருண்டுகொள்ளும் வெளிநாட்டு மலைப்பாம்பு) வாங்கினான். இப்போது வேலை மாற்றலாகி, பாம்போடு பெருமாள்புரத்துக்கே வந்துவிட்டான். சென்னையில் அதற்குத் தீனியாக உறைய வைத்த எலியைக் கடையில் போய் வாங்குவானாம். இங்கே பார்சலில் வரவழைத்தால் கெடாமல் வருமா? ஏமாறாமல் வாங்குவது எப்படி?
— ஒரு தாய், பெருமாள்புரம்

பதில்: அம்மா, இது ஐஸ் மீன் வாங்குவது மாதிரிதான். கிளம்பும்போது சரக்கு நன்றாகத்தான் இருக்கும். வழியில் எங்கே இளகியது என்பதுதான் கேள்வி. சென்னையிலிருந்து திருநெல்வேலி 600 கிலோமீட்டருக்கு மேல். ராத்திரி ஆம்னி பஸ்ஸில் பார்சலாக ஏற்றினால் காலையில் இங்கே இறங்கிவிடும். அந்தப் பத்துப் பன்னிரண்டு மணி நேரத்தைக் கனமான தெர்மாகோல் பெட்டியும் நிறைய ஐஸ் பேக்கும் தாங்கும். கூரியர் என்றால் இரண்டு நாள், நடுவில் ஞாயிறு வந்தால் மூன்று நாள். சித்திரை வைகாசி வெயிலில் அது நடக்காத காரியம்.

என் அக்கா மகன் கார்ன் ஸ்நேக் என்ற பாம்பை வளர்க்கிறான். அவனுக்குச் சனிக்கிழமை அனுப்பிய பெட்டி, ஒரு கூரியர் அலுவலகத்தில் ஞாயிறு முழுக்கக் கிடந்து திங்கள் மதியம் வந்தது. பெட்டியைத் திறக்கவே வேண்டியிருக்கவில்லை, தெருவுக்கே தெரிந்துவிட்டது. அதிலிருந்து அவன் விற்பவரிடம் இரண்டே விஷயம்தான் பேசுகிறான்: திங்கள் முதல் புதன் வரைக்குள் ஏற்ற வேண்டும், பஸ் விவரத்தை அன்று ராத்திரியே சொல்ல வேண்டும். விடிந்ததும் வேய்ந்தான்குளம் பஸ் நிலையத்துக்கு அவனே போய் எடுத்து வந்துவிடுகிறான். உங்கள் மகனும் அப்படியே செய்யட்டும். டிரை ஐஸ் போட்டு அனுப்புகிறவர் கிடைத்தால் இன்னும் நல்லது. ஆனால் அது மைனஸ் 78 டிகிரி, வெறும் கையால் தொட்டால் தோல் போய்விடும். கரியமில வாயுவாக மாறுவதால் பெட்டியைக் காற்றுப் புகாமல் ஒட்டக் கூடாது, கண்ணாடியை ஏற்றிவிட்டுக் காரில் கொண்டு வரவும் கூடாது.

பெட்டி வந்ததும் திறப்பதை செல்போனில் வீடியோ எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு எலியும் கல் மாதிரி இருக்க வேண்டும். ஓரம் மட்டும் லேசாக இளகி நடு கெட்டியாகவும் கை வைத்தால் ஜில்லென்றும் இருந்தால் உடனே ஃப்ரீசரில் போடலாம். இளகியதை விற்பவரே மறுபடி உறைய வைத்து அனுப்புவதும் உண்டு. அதைக் கண்டுபிடிப்பது கஷ்டமில்லை. தனித்தனியாக இருக்க வேண்டிய எலிகள் தட்டையாகி ஒரே பாளமாக ஒட்டியிருக்கும், பைக்குள் சிவந்த தண்ணீர் ஐஸாகக் கட்டியிருக்கும், வயிறு பச்சையாகவோ கறுப்பாகவோ தெரியும். அந்தப் பையை வாங்காதீர்கள்.

விலை விஷயத்தில் பெயரை நம்பக் கூடாது. பிறந்த குட்டியில் தொடங்கி பிங்கி, ஃபஸ்ஸி, ஹாப்பர், வீனர் என்று வயது ஏற ஏற வேறு பெயர் சொல்வார்கள். ஒரு கடையின் ஹாப்பர் இன்னொரு கடையில் ஃபஸ்ஸி. மைஸ் என்றால் சுண்டெலி, ராட் என்றால் பெரிய ஜாதி. இரண்டிலும் பிங்கி உண்டு, எடை வேறு. சுண்டெலி பிங்கி ஒன்றிரண்டு கிராம்தான், நன்றாக வளர்ந்த சுண்டெலி இருபது முப்பது கிராம். அதனால் “ஒன்று எத்தனை கிராம்?” என்று கேட்டு, பார்சல் செலவையும் சேர்த்து ஒரு எலிக்கு என்ன விழுகிறது என்று கணக்குப் போடுங்கள். பாம்பின் உடம்பில் அதிகப் பருமனான இடம் எவ்வளவோ அதே பருமன், கொஞ்சம் கூடினாலும் பரவாயில்லை, அதுதான் அளவு. பத்து நாளுக்கு ஒன்று என்றால் வருஷத்துக்கு 36 எலி. மூன்று மாதத்துக்குப் பத்துப் பன்னிரண்டு வாங்கினால் பார்சல் செலவு கட்டுப்படியாகும். வருஷத்துக்கும் மொத்தமாக வாங்கி வைக்காதீர்கள். ஆறு மாதம் தாண்டினால் காய்ந்து, சத்துக் குறைந்துவிடும். அதற்குள் பாம்பும் வளர்ந்து அளவு மாறிவிடும்.

எலியை எப்படிக் கொன்றார்கள் என்றும் கேளுங்கள். கரியமில வாயு என்று பதில் வந்தால் சரி. பதிலே வராவிட்டால் வேறு ஆளைப் பார்க்கலாம்.

கேள்வி: எங்கள் வீடு சைவம். பேரன் பாம்புக்கு எலியை அடுக்களை ஃப்ரிட்ஜில் வைத்திருக்கிறான். டப்பாவில் மூடித்தானே இருக்கிறது, உறைந்துபோனதில் கிருமி ஏது என்கிறான். நான் ஒரு வாரமாக அந்த ஃப்ரிட்ஜில் பால்கூட வைப்பதில்லை. யார் பக்கம் நியாயம்?
— ஆச்சி, டவுண்

பதில்: உங்கள் பக்கம்தான், ஆச்சி. சைவம் அசைவம் என்பதற்காகச் சொல்லவில்லை. எலியின் குடலில் சால்மோனெல்லா இருக்கலாம், உறைய வைத்தால் அது சாகாது, தூங்கும். பாம்புக்கான உறைந்த எலியைக் கையாண்ட வீடுகளில் இந்தக் கிருமி மனிதர்களுக்குத் தொற்றிய சம்பவங்கள் அமெரிக்காவில் பல முறை நடந்து, அந்நாட்டு சுகாதாரத் துறை எச்சரிக்கை விட்டிருக்கிறது. ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தை, கர்ப்பிணி, வயதானவர்கள் உள்ள வீட்டில் இன்னும் கவனம் வேண்டும்.

பேரனிடம் பழைய சின்ன ஃப்ரீசர் ஒன்று வாங்கச் சொல்லுங்கள். வாங்கும்போது குளிரையும் பார்த்து வாங்கட்டும். ஃப்ரீசர் பெட்டியில் ஒரு நட்சத்திரம் போட்டிருந்தால் மைனஸ் 6, இரண்டுக்கு மைனஸ் 12, மூன்றுக்கு மைனஸ் 18. எலிக்கு மூன்று நட்சத்திரம் வேண்டும். (மின்சாரச் சிக்கனத்துக்கு ஒட்டும் நட்சத்திரம் வேறு, குழப்பிக்கொள்ள வேண்டாம்.) பழைய ஒற்றைக் கதவு ஃப்ரிட்ஜின் ஐஸ் பெட்டி பலவற்றில் அந்தக் குளிர் வராது. மாதாந்திரப் பராமரிப்பு என்று காலை ஒன்பது மணிக்குக் கரண்டை நிறுத்தினால் சாயங்காலம் வரை கதவைத் திறக்காமல் இருந்தாலே போதும். காலி இடத்தில் தண்ணீர் பாட்டிலை உறைய வைத்து அடைத்தால் இன்னும் நேரம் தாங்கும்.

ஃப்ரீசர் வரும் வரை நீங்கள் பாலைப் பக்கத்து வீட்டில் வைப்பதில் தப்பே இல்லை.

கேள்வி: எலியை மைக்ரோவேவில் ஒரு நிமிஷம் வைத்தேன், வெடித்துவிட்டது. கொதிக்கிற தண்ணீரில் போட்டால் வெளியே வெந்து, உள்ளே ஐஸாக இருக்கிறது. சரியான முறை என்ன?
— கல்லூரி மாணவர், பாளையங்கோட்டை

பதில்: தம்பி, அந்த மைக்ரோவேவில் இனி உங்கள் வீட்டில் யாரும் பால் சுட வைக்க மாட்டார்கள் என்று நினைக்கிறேன். அது ஒரே சீராகச் சூடேற்றாது. வயிறு முதலில் கொதித்து, ஆவி போக வழியில்லாமல் வெடிக்கும். வெடிக்காவிட்டாலும் உள்ளே ஓர் இடம் பாம்பின் குடலைச் சுடும் அளவுக்கு இருக்கும். கொதிநீரில் போட்டால் நீங்கள் சொன்ன கதைதான்.

அவசரப்படாமல் இரண்டு கட்டமாகச் செய்யுங்கள். முந்தின நாள் ராத்திரி எலியை ஜிப் உள்ள பையில் போட்டு, காற்றை அமுக்கி எடுத்து மூடி, அதை ஒரு டப்பாவில் வைத்து ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் வையுங்கள் (எலிக்கென்று தனி ஃப்ரிட்ஜ் இருந்தால், இல்லாவிட்டால் மேலே ஆச்சிக்குச் சொன்னதைப் படியுங்கள்). சுண்டெலி விடிவதற்குள் இளகிவிடும், பெரிய ராட்டுக்கு ஒரு நாள் ஆகும். ஃப்ரிட்ஜ் இல்லையென்றால் குழாய்த் தண்ணீர் பிடித்த வாளியில் பையோடு போட்டு ஒன்றிரண்டு மணி நேரம் விடலாம். மேசை மேல் வைத்துவிட்டுக் கல்லூரிக்குப் போகாதீர்கள். நம் ஊர் மதிய வெயிலில் வெளிப்பக்கம் அழுக ஆரம்பித்த பிறகுதான் உள்பக்கம் இளகும்.

நடு வரை இளகியதா என்று பையோடு வயிற்றை அமுக்கிப் பாருங்கள். கெட்டியாக ஏதாவது தட்டுப்பட்டால் இன்னும் நேரம் வேண்டும். ஐஸ் உள்ளே இருக்கும்போது விழுங்கினால் பாம்பு கக்கிவிடும். கக்கிய பாம்புக்குப் பத்து நாளாவது ஓய்வு கொடுக்க வேண்டும், அடுத்த இரையைச் சின்னதாகக் கொடுக்க வேண்டும். அந்தத் தொல்லைக்கு இன்னும் ஒரு மணி நேரம் காத்திருப்பதே மேல்.

கடைசியில் சூடு. குளிப்பாட்டக் குழந்தைக்கு விளாவுகிற தண்ணீரைவிடக் கொஞ்சம் கூடுதல் சூட்டில், பையோடு பத்துப் பதினைந்து நிமிஷம். பையைப் பிரித்து நேராகத் தண்ணீரில் போட்டால் எலியின் வாசனை போய்விடும், நனைந்த எலியைப் பல பாம்புகள் தொடாது. பால் பைத்தானுக்கு உதட்டோரம் சூட்டை அறியும் குழிகள் உண்டு. எலியின் தலை உடம்பைவிடச் சற்றுச் சூடாக இருந்தால் அதுவே குறி பார்த்துப் பிடிக்கும். தலைக்கு மட்டும் அரை நிமிஷம் ஹேர் டிரையர் காட்டுகிறவர்கள் இருக்கிறார்கள், அது வேலை செய்கிறது.

சாயங்காலம் இருட்டிய பிறகு, நீளமான இடுக்கியால் வாலோரம் பிடித்து நீட்டுங்கள். கையால் கொடுத்தால் உங்கள் விரலும் சூடாகத்தான் இருக்கிறது என்பது பாம்புக்குத் தெரியும். தின்ற பிறகு இரண்டு நாள் பாம்பைத் தூக்க வேண்டாம். தொடாமல் விட்ட எலியை இரண்டு மூன்று மணி நேரத்தில் எடுத்துக் காகிதத்தில் சுற்றி, நாய் தோண்டாத ஆழத்தில் புதையுங்கள். மறுபடி ஃப்ரீசரில் வைக்கக் கூடாது. இடுக்கி, டப்பா, வாளி எல்லாம் இதற்கென்றே தனியாக இருக்கட்டும். கழுவுவது அடுக்களைத் தொட்டியில் வேண்டாம்.

கேள்வி: பிசானம் அறுப்பு முடிந்ததும் எங்கள் வயலில் எலி பிடிக்கிறவர்கள் கூடை கூடையாகப் பிடிக்கிறார்கள். காசு கொடுத்துச் சென்னை எலி எதற்கு? அதையே உறைய வைத்தால் என்ன?
— விவசாயி, அம்பாசமுத்திரம் பக்கம்

பதில்: அண்ணாச்சி, உங்கள் வயலில் நீங்கள் மருந்து வைக்கவில்லை என்றே வைத்துக்கொள்வோம். பக்கத்து வரப்பில் வைத்தாரா? புரோமடியோலோன் என்ற எலி விஷக் கேக்கைத் தின்ற எலி உடனே சாகாது, சில நாள் நடமாடும். அந்த எலியைத் தின்னும் பாம்புக்கும் ஆந்தைக்கும் விஷம் ஏறும். உறைய வைத்தால் விஷம் போகாது. பேன், உண்ணி, குடற்புழு எல்லாம் கூடவே வரும். எலிக்காய்ச்சல் வேறு, அது பாம்பைவிட எலியைக் கையில் பிடிக்கிற உங்களுக்குத்தான் ஆபத்து.

இதே போல இன்னொருவர் ஆய்வகத்தில் மிஞ்சும் வெள்ளை எலியை வாங்கலாமா என்று கேட்டிருக்கிறார். வேண்டாம். என்ன மருந்து கொடுத்துச் சோதித்தார்களோ, எந்த ஊசி போட்டுக் கொன்றார்களோ. பென்டோபார்பிட்டால் போட்டுக் கொன்ற எலியைத் தின்றால் பாம்பும் கூடவே போகும்.

கோழிக்கறி? எலும்பும் ஈரலும் இல்லாத வெறும் கறியில் சுண்ணாம்புச் சத்து போதாது. முழு உடம்பாகத் தின்னப் பழகிய பிராணி அது.

கேள்வி: தோட்டத்தில் பிடித்த சாரைப்பாம்புக்கு உறைந்த எலி பழக்கலாமா?
— களக்காடு வாசகர்

பதில்: முதலில் பாம்பைத் திரும்ப விடுங்கள், அல்லது வனத்துறைக்குச் சொல்லுங்கள். 1972ஆம் ஆண்டு வனவுயிர் பாதுகாப்புச் சட்டப்படி சாரையோ மலைப்பாம்போ, நம் நாட்டுப் பாம்பை வீட்டில் வைப்பது குற்றம். பெருமாள்புரம் தாய்க்கும் ஒரு வார்த்தை: பால் பைத்தான் வெளிநாட்டு இனம், ஆனால் சைட்டிஸ் (காட்டுயிர் வர்த்தகத்தைக் கட்டுப்படுத்தும் சர்வதேச ஒப்பந்தம்) பட்டியலில் உள்ளது. 2024 பிப்ரவரியில் வந்த விதிகளின்படி அதை மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும். மகனிடம் அந்தப் பதிவு இருக்கிறதா, விற்றவர் கொடுத்த ரசீது பத்திரமாக இருக்கிறதா என்று இன்றைக்கே கேளுங்கள். ஊர் மாறியதை எப்படித் தெரிவிப்பது என்று வனத்துறை அலுவலகத்திலும் ஒரு முறை விசாரிக்கச் சொல்லுங்கள்.

கேள்வி: இணையத்தில் வாங்கிய 20 எலியும் குழைந்து வந்தன. “கெட்டுப்போகும் பொருள், பணம் திரும்பக் கிடையாது” என்று ரசீதிலேயே போட்டிருக்கிறார்கள். விட்டுவிட வேண்டியதுதானா?
— மேலப்பாளையம்

பதில்: எதற்கு விட வேண்டும்? “உறைந்த” என்று சொல்லி விற்றது உறைந்து வரவில்லை. அது குறைபாடுள்ள பொருள். ரசீதில் ஒரு வரி அச்சடித்ததால் அந்தப் பொறுப்பு போய்விடாது. வீடியோ, பெட்டியில் உள்ள தேதி, பணம் கட்டிய விவரம் மூன்றையும் வைத்து முதலில் எழுத்தில் கேளுங்கள், போனில் சண்டை போடாதீர்கள். இணைய விற்பனை நிறுவனமானால் 2020 மின்வணிக விதிகளின்படி குறைதீர் அலுவலர் 48 மணி நேரத்தில் புகாரைப் பெற்றதாகச் சொல்ல வேண்டும், ஒரு மாதத்தில் தீர்க்க வேண்டும். அதற்கும் அசையாவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண். அதற்கு அப்புறம் திருநெல்வேலி மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019 சட்டப்படி விற்றவர் எந்த ஊராக இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம், இரண்டு வருஷ அவகாசம் உண்டு. பொருளுக்குக் கொடுத்த தொகை ஐந்து லட்சம் வரை கட்டணம் இல்லை. இ-ஜாக்ரிதி இணையதளம் வழியாகவும் தாக்கல் செய்யலாம். 20 எலிக்கு இவ்வளவு தூரம் போக வேண்டுமா என்றால், என் அனுபவத்தில் பெரும்பாலும் 1915லேயே பணம் வந்துவிடுகிறது.

எலியைச் சாட்சிக்காக எடுத்து வைக்க வேண்டாம். வீடியோ போதும்.

கேள்வி: பைத்தான் மூன்று வாரமாகத் தின்னவில்லை. வாங்கி வைத்த எலியைக் கடைக்காரர் திரும்ப எடுப்பாரா?
— வண்ணார்பேட்டை

பதில்: எடுக்க மாட்டார், எடுக்கவும் கூடாது. திரும்ப வந்த எலியை வாங்குகிற கடை, அதை அடுத்தவருக்குத்தான் விற்கும். வளர்ந்த பால் பைத்தான் மாதக்கணக்கில் தின்னாமல் இருப்பது புதிதில்லை. வாரம் ஒரு முறை தராசில் வைத்து எடையைக் குறித்துக்கொள்ளுங்கள். எடை குறைந்துகொண்டே போனாலோ, வாயில் நுரை தெரிந்தாலோ கால்நடை மருத்துவரிடம் போங்கள். எலி ஃப்ரீசரில் இருக்கட்டும்.