யூரிக் அமிலம் கூடினால் சாம்பாரை நிறுத்த வேண்டுமா?

கால் பெருவிரல் வீங்கி, பரிசோதனையில் யூரிக் அமிலம் 8.4 என்று வந்ததால் பருப்பையும் கீரையையும் விட்டுவிட வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டியதில்லை, ஆட்டு ஈரல், மத்தி, நெத்திலி ஆகியவை கௌட் (யூரிக் அமிலத்தால் வரும் மூட்டு வீக்க நோய்) வலியைத் தூண்டும்; பருப்பும் கீரையும் அப்படித் தூண்டுவதில்லை. முதலில் நிறுத்த வேண்டியவை பீரும் சர்க்கரை கலந்த குளிர்பானமும்தான் (பலர் சாம்பாரைத் துறந்துவிட்டு இவற்றைத் தொடர்கிறார்கள்). இரத்தத்தில் டெசிலிட்டருக்கு ஏறத்தாழ 6.8 மில்லிகிராமைத் தாண்டும்போது யூரிக் அமிலம் மூட்டுகளில் ஊசி போன்ற படிகங்களாகப் படியக்கூடும். போர்வையின் நுனி பட்டாலும் தாங்க முடியாத அந்த நள்ளிரவு வலிக்கு அவையே காரணம். உடல் எடையை மெதுவாகக் குறையுங்கள். பட்டினி கிடந்தால் வலி திரும்பக்கூடும். உணவுக் கட்டுப்பாட்டினால் மட்டும் பெரும்பாலும் 1 மில்லிகிராம் அளவே குறையும் என்பதால், அடிக்கடி வலி வருபவர்கள் யூரிக் அமிலத்தை 6-க்குக் கீழே கொண்டுவர, அலோபியூரினால் போன்ற மாத்திரையை மருத்துவரின் ஆலோசனைப்படி, வலியில்லாத நாட்களிலும் விடாமல் உட்கொள்ள வேண்டியிருக்கும்.