நூறாண்டுக்கு முன் ஒரு சிறு நகரசபை தன் செலவுகளை எப்படிச் சமாளித்தது?

வாசகர் கேள்வி: எங்கள் ஊர் நகரசபையின் வரலாற்றை மலராகத் தொகுக்கும் பொறுப்பு என்னிடம் வந்திருக்கிறது. பழைய பெட்டி ஒன்றில் 1912 முதல் 1926 வரையிலான வரி ரசீதுகள், ஒரு சுங்கச்சாவடிக் குத்தகைப் பத்திரம், அச்சிட்ட ஓர் ஆண்டு வரவு செலவுப் பட்டியல் ஆகியவை கிடைத்துள்ளன. அந்தக் காலத்தில் நகரசபைக்குப் பணம் எங்கிருந்து வந்தது? அரசு கொடுத்ததா, ஊரார் கொடுத்தார்களா? வரவைவிடச் செலவு மிகுந்த ஆண்டில் என்ன செய்தார்கள்? இந்தத் தாள்களை நான் எப்படிப் படிக்க வேண்டும்?

பதில்: உங்கள் கேள்விக்கு நேரான விடை, இருவருமே கொடுத்தார்கள் என்பதுதான், ஆனால் ஒரே செலவுக்காகக் கொடுக்கவில்லை. தெரு கூட்டுவது, விளக்கேற்றுவது, வைத்தியசாலை நடத்துவது, குமாஸ்தாவுக்குச் சம்பளம் தருவது போன்ற அன்றாடச் செலவுகளின் பெரும்பங்கை ஊரார் கட்டிய வரியும் ஏலத்தொகைகளும் தாங்கின. குடிநீர்த் திட்டம் போன்ற பெரிய வேலைகளோ அரசு தந்த கடனாலும் மானியத்தாலும் நடந்தன. இந்த இரண்டும் ஒரே பட்டியலில் அடுத்தடுத்த வரிகளில் அச்சாகியிருப்பதால், பிரித்துப் பார்க்காமல் கூட்டுத்தொகையை மட்டும் எடுத்து எழுதுகிறவர்கள் ஓர் ஆண்டில் ஊர் செழித்ததாகவும் மறு ஆண்டில் நொடித்ததாகவும் எழுதிவிடுகிறார்கள். உங்கள் மலரில் அந்தப் பிழை நேரக்கூடாது என்பதற்காகவே இதைச் சற்று விரிவாகச் சொல்கிறேன்.

முதலில் உங்கள் ஊரை எந்தச் சட்டம் ஆண்டது என்று உறுதி செய்துகொள்ளுங்கள். சென்னை மாகாணத்தில் 1865, 1871 ஆகிய ஆண்டுகளின் நகர மேம்பாட்டுச் சட்டங்களுக்குப் பின், வைஸ்ராய் ரிப்பன் பிரபுவின் 1882ஆம் ஆண்டு உள்ளாட்சித் தீர்மானத்தையொட்டி, 1884இல் மாவட்ட நகராட்சிகள் சட்டம் வந்தது. அதற்குப் பதிலாக 1920இல் புதிய சட்டம் இயற்றப்பட்டது. ஆகவே உங்கள் தாள்களில் முற்பாதி பழைய சட்டத்தையும் பிற்பாதி புதிய சட்டத்தையும் சேர்ந்தவை. நூற்றாண்டுத் தொடக்கத்தில் மாகாணம் முழுவதிலும் ஏறத்தாழ 60 நகரசபைகளே இருந்தன. அவற்றினும் சிறிய ஊர்கள் பல, உள்ளாட்சி வாரியச் சட்டத்தின்கீழ் ‘யூனியன்’களாக இருந்து வீட்டு வரி மட்டும் தண்டி வந்தன. ரசீதின் தலைப்பில் ‘முனிசிபாலிட்டி’ என்றிருக்கிறதா, ‘யூனியன்’ என்றிருக்கிறதா என்று பாருங்கள். யூனியன் என்றிருந்தால், கீழே சொல்லும் பல வரவினங்கள் அந்த ஆண்டுகளுக்குப் பொருந்தா.

வரவின் முதுகெலும்பு வீட்டு வரி. அது ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை ஓர் அரையாண்டு, அக்டோபர் முதல் மார்ச் வரை மற்றோர் அரையாண்டு என இரு தவணைகளாக விதிக்கப்பட்டது. 1920ஆம் ஆண்டுச் சட்டப்படி, ஒரு கட்டடம் நியாயமாக என்ன வாடகைக்குப் போகுமோ அதை ஆண்டுக்குக் கணக்கிட்டு, பழுதுபார்க்கும் செலவுக்காக அதில் பத்தில் ஒரு பங்கைக் கழித்து, எஞ்சியதை ஆண்டு மதிப்பாகக் கொண்டு, அதன்மேல் சபை தீர்மானித்த விகிதத்தில் வரி போட்டார்கள். இந்தக் கழிவு கட்டடத்தின் பங்குக்கே, மனையின் பங்குக்கு இல்லை; அந்தப் பிரிவினையை விட்டுவிட்டு விளக்கத்துக்காக ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம்: மாதம் 10 ரூபாய் வாடகைக்குப் போகக்கூடிய வீட்டுக்கு ஆண்டு வாடகை 120 ரூபாய்; 12 ரூபாய் கழித்தால் 108; ரூபாய்க்கு ஓர் அணா வரி என்றால் 108 அணா, அதாவது 6 ரூபாய் 12 அணா; அரையாண்டுக்கு 3 ரூபாய் 6 அணா. ரசீதில் அது 3—6—0 என்று எழுதப்பட்டிருக்கும். மூன்றாவது எண் பைசாவைக் குறிப்பதன்று, பையைக் குறிப்பது. 12 பை ஓர் அணா, 16 அணா ஒரு ரூபாய். தசம நாணயம் 1957 ஏப்ரலில்தான் வந்தது.

1920ஆம் ஆண்டுப் புதிய சட்டப்படி வரிப் பதிவேடு ஐந்தாண்டுக்கு ஒருமுறை முழுமையாகத் திருத்தப்பட வேண்டியிருந்தது. இந்த ஒரு செய்தி உங்கள் தாள்களுக்கு மிக முக்கியம். ஒரே வீட்டுக்குப் பல ரசீதுகள் இருந்தால், சில ஆண்டுகள் ஒரே தொகை நீடித்துத் திடீரென்று ஓரிடத்தில் உயர்வதைக் காண்பீர்கள். வீடு பெரிதாயிற்று என்று முடிவு கட்டிவிடாதீர்கள், பெரும்பாலும் அது மறுமதிப்பீடாகவே இருக்கும். கோவில்கள், மசூதிகள், சத்திரங்கள், பள்ளிக்கூடங்கள் போன்றவற்றுக்கு வரிவிலக்கு இருந்தது. ஆகவே கோவிலைச் சுற்றி வளர்ந்த ஊரில், நிலப்பரப்பில் பெரும்பகுதி வரி வலைக்கு வெளியே நின்றது என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

நம் மாகாணத்துக்கே உரிய ஓர் இயல்பை இங்கே குறிப்பிட விரும்புகிறேன். பம்பாய், பஞ்சாப் முதலிய மாகாணங்களில் நகர எல்லைக்குள் வரும் சரக்குகளின்மேல் நுழைவு வரி விதித்து நகரசபைகள் பிழைத்தன. அந்த வரி பொருளின் விலையோடு கலந்து போயிற்று, கட்டுகிறவருக்கே தெரியாது. சென்னை மாகாண நகரசபைகள் அவ்வழியில் செல்லாமல், வீட்டு வரியையும் தொழில் வரியையும் நேரடியாக மனிதர்களிடமே கேட்டு வாங்கின. பில் கலெக்டர் வாசலில் வந்து நின்றார். கட்டுகிறவருக்குத் தொகை தெரிந்தது, சினமும் வந்தது, கேள்வி கேட்கும் உரிமையும் வந்தது. வாக்குரிமையே வரி கட்டுவதோடு பிணைக்கப்பட்டிருந்ததால், உங்களிடமுள்ள ரசீதுகள், அவற்றில் பெயர் உள்ளவர்கள் வாக்காளர்களாக இருந்திருக்கக்கூடும் என்பதற்கான தடயமும் ஆகின்றன. மறுபக்கம், வரியை உயர்த்த வேண்டிய கவுன்சிலர்கள் பெரும்பாலும் ஊரின் பெரிய வீடுகளுக்குச் சொந்தக்காரர்கள். சொத்துகள் குறைத்து மதிப்பிடப்படுகின்றன, வசூலில் தளர்ச்சி இருக்கிறது என்று மாகாண அரசு தன் ஆண்டுப் பரிசீலனைகளில் மீண்டும் மீண்டும் குறைகூறியது. சிறு நகரசபைகளின் பணமுடைக்கு ஏழ்மை ஒன்றே காரணமன்று, மதிப்பிட்டவரும் மதிப்பிடப்பட்டவரும் ஒரே வட்டத்தினராக இருந்ததும் காரணம் என்பது என் துணிபு.

தொழில் வரி வக்கீல், வணிகர், சம்பளக்காரர் ஆகியோர்மேல் வருமான வகுப்புப்படி விதிக்கப்பட்டது. 1920ஆம் ஆண்டுச் சட்டப்படி, ஓர் அரையாண்டில் மொத்தம் 60 நாள் ஊரில் தொழில் செய்தவர் அதைக் கட்ட வேண்டும். வண்டிகளுக்கும் கால்நடைகளுக்கும் தனி வரி உண்டு.

உங்களிடமுள்ள சுங்கச்சாவடிக் குத்தகைப் பத்திரம் அரிய ஆவணம். அதைத் தனிப் படமாகவே மலரில் வெளியிடுங்கள். ஊருக்குள் நுழையும் வண்டிகளிடம் சுங்கம் தண்டும் உரிமையைச் சபை தானே நடத்தாமல் ஆண்டுதோறும் ஏலம் விட்டது. ஏலம் எடுத்தவர் முன்பணம் கட்டி, மீதியைத் தவணைகளாகச் செலுத்தினார். தவணை தவறினால் மறு ஏலம் விடப்படும், அதனால் வரும் நட்டம் பழைய குத்தகைதாரரையே சாரும் என்பது இத்தகைய பத்திரங்களில் வழக்கமான நிபந்தனை. அறுவடை பொய்த்து வண்டிப் போக்குவரத்து குறைந்தாலும் சபைக்கு வரவேண்டிய தொகை மாறாது என்பதால், இந்த ஏற்பாடு சபைக்கு நிம்மதி தந்தது. சாவடியில் வண்டிக்காரர் பட்ட பாட்டுக்கு மட்டும் எந்தப் பட்டியலிலும் இடமில்லை. பேருந்துகள் பெருகியபின், 1931ஆம் ஆண்டு மோட்டார் வாகன வரிச் சட்டத்தோடு சுங்கச்சாவடிகள் எடுக்கப்பட்டு, உள்ளாட்சிகளுக்கு அரசு ஈட்டுத்தொகை வழங்கத் தொடங்கியது. சந்தை, வண்டிப்பேட்டை, ஆட்டுத்தொட்டி (ஆடு வெட்டும் இடம்) ஆகியவற்றின் குத்தகையும் இதே முறையில் நடந்தது. ஊர்க் குப்பையும் கழிவும் உரமாக விற்கப்பட்டு, அதுவும் ஒரு வரவினமாகப் பட்டியலில் நின்றது.

செலவுப் பக்கத்தில் முதலில் கண்ணில் படுவது துப்புரவு. பிளேக், காலரா அச்சம் நீங்காத காலம் அது. புதைசாக்கடை இல்லாத ஊரின் கழிவை முழுவதும் மனிதக் கைகளே அகற்றின. அந்தக் கைகள் எந்தச் சாதியினருடையவை என்பதை நாம் அறிவோம். ஊரின் நலவாழ்வு நின்றதே அவர்கள் உழைப்பின்மேல்தான். ஆனால் பட்டியலில் அவர்கள் பெயரின்றி, ‘துப்புரவுச் சிப்பந்திகள்’ என்ற ஒற்றை வரியில் அடங்கிவிடுகிறார்கள். சேர்மன்களின் படங்களை வரிசையாக வெளியிடும் மலரில், சம்பளப் பதிவேடு கிடைக்குமானால் அந்தப் பெயர்களையும் அச்சிடுங்கள் என்று உங்களை மனமாரக் கேட்டுக்கொள்கிறேன். அடுத்து மண்ணெண்ணெய்த் தெருவிளக்குகள், சாலைகள், அம்மை குத்துதல், வைத்தியசாலை, தொடக்கப் பள்ளிகள் ஆகியவை வரும். பள்ளிகளைப் பொறுத்தவரை 1920ஆம் ஆண்டுத் தொடக்கக் கல்விச் சட்டம் ஒரு திருப்பம்: சபை கல்வி வரி போட்டால், அதில் கிடைக்கும் தொகைக்குக் குறையாத தொகையை அரசும் தர வேண்டும். 1920க்குப் பிந்தைய பட்டியலில் கல்விச் செலவினம் திடீரென்று பெருத்திருந்தால் காரணத்தை அங்கே தேடுங்கள்.

இனி, வரவைவிடச் செலவு மிகுந்த ஆண்டைப் பற்றிப் பார்ப்போம். பட்டியலின் உச்சியில் ‘தொடக்க இருப்பு’ என்றும் அடியில் ‘கடைசி இருப்பு’ என்றும் இரு எண்கள் இருக்கும். செலவு மிகுந்த ஆண்டில் சபை பெரும்பாலும் முந்தைய ஆண்டுகளின் கையிருப்பையே கரைத்தது. ஆகவே கடைசி இருப்பு பல ஆண்டுகளில் எப்படி நகர்கிறது என்று பார்த்தால்தான் உண்மை நிலை தெரியும். அதனினும் கூர்மையான அளவுகோல் ‘கேட்பு, வசூல், நிலுவை’ அட்டவணை. நகராட்சி அலுவலகங்களில் இன்றும் அதை ‘டி.சி.பி.’ (டிமாண்ட், கலெக்‌ஷன், பாலன்ஸ்) என்றே சொல்கிறார்கள். எவ்வளவு வரி விதித்தார்கள், எவ்வளவு கைக்கு வந்தது, எவ்வளவு பாக்கி நின்றது என்ற மூன்றையும் அது காட்டும். சம்பளம் மாதாமாதம் கொடுக்க வேண்டும். வரியோ அரையாண்டு முடியும் தறுவாயில்தான் திரளாக வரும். சபையின் பணம் அரசுக் கஜானாவில் இருந்தது. கணக்கில் இருப்பு இல்லாவிட்டால் சேர்மன் கையெழுத்திட்ட செக்குக்குப் பயனில்லை. ஆகையால் செப்டம்பரிலும் மார்ச்சிலும் வசூல் வேகம் கூடுவதையும் ஜப்தி வாரண்டுகள் புறப்படுவதையும் பதிவேடுகளில் காணலாம். உடுக்கும் துணி, படுக்கை, கைவினைஞரின் கருவி, உழவரின் ஏர், விதைத் தானியம் ஆகியவற்றை ஜப்தி செய்யக்கூடாது என்று 1920ஆம் ஆண்டுச் சட்டம் விலக்கு அளித்தது. வசூலாக வழியே இல்லாத பாக்கிகள் சபைத் தீர்மானத்தின்படி தள்ளுபடி ஆயின.

உங்கள் தாள்களின் காலப்பகுதியில் 1914 முதல் 1920 வரையிலான ஆண்டுகளைத் தனியே எடுத்துக்கொள்ளுங்கள். உலகப் போரால் விலைவாசி ஏறக்குறைய இரு மடங்கானது; மண்ணெண்ணெயும் இரும்பும் கூலியும் ஏறின; 1918இல் விஷக் காய்ச்சல் (இன்ஃபுளுயன்சா) பரவியது. வரி மதிப்போ பழைய வாடகையிலேயே நின்றது. அந்நாளில் சேர்மன் நாற்காலியில் இருந்தவர்களின் கவலை எளிதில் புரிகிறது. அந்த ஆண்டுகளை ஒட்டித்தான் சேலத்தில் ராஜாஜியும் ஈரோட்டில் ஈ.வெ. ராமசாமியும் சேர்மன்களாகப் பணியாற்றினார்கள்.

குடிநீர்த் திட்டத்துக்கு ஊர் வரி ஒருபோதும் போதாது. உள்ளாட்சிக் கடன் சட்டத்தின்கீழ் (முதலில் 1879, பின்னர் 1914) அரசிடம் கடன் பெற்று, ஒரு பகுதியை மானியமாகவும் பெற்று, கடனை நீண்டகாலத் தவணைகளில் தீர்த்தார்கள். கடன் வந்த ஆண்டில் அந்தத் தொகை வரவுப் பக்கத்தில் பெரிதாக நிற்கும். அது வருமானம் அன்று. அதைக் கழித்துவிட்டுப் பாருங்கள். அதற்குப் பின் வரும் பல ஆண்டுகளில் ‘கடன் தவணை, வட்டி’ என்ற பதிவு செலவுப் பக்கத்தில் இடம்பெறும், அதை ஈடுகட்டக் குடிநீர் வரி புதிதாக முளைத்திருக்கும். இந்த உதவிக்கு விலையும் இருந்தது: திட்டம், மதிப்பீடு, பட்ஜெட் ஆகியவற்றில் மேலிடத்தின் பிடி இறுகியது, கணக்கை உள்ளாட்சி நிதித் தணிக்கையாளர் வரிவரியாகச் சோதித்தார். தணிக்கைத் தடைகளும் (தணிக்கையாளரின் ஆட்சேபங்கள்) அவற்றுக்குச் சபை தந்த விளக்கங்களும் கிடைத்தால் விட்டுவிடாதீர்கள். எந்தப் பட்டியலும் சொல்லாத செய்திகள் அவற்றில் இருக்கும்.

அன்றைய ரூபாயை இன்றைய ரூபாயாக மாற்றி எழுத வேண்டாம். 3 ரூபாய் 6 அணா என்பதன் எடை தெரிய, அதே பட்டியலிலுள்ள தெருக் கூட்டுபவரின் மாதச் சம்பளத்தையும் குமாஸ்தாவின் சம்பளத்தையும் பக்கத்தில் வைத்துக் காட்டுங்கள்.

விடுபட்ட ஆண்டுகளை நிரப்ப, முதலில் உங்கள் நகராட்சி அலுவலகத்தில் பழைய தீர்மானப் புத்தகங்களும் வரி மதிப்பீட்டுப் பதிவேடுகளும் எஞ்சியுள்ளனவா என்று எழுத்து மூலம் கேளுங்கள். அடுத்து, சென்னை எழும்பூரிலுள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில், 1920க்கு முந்தைய ஆண்டுகளுக்கு ‘லோக்கல் அண்ட் முனிசிபல்’ துறையின் அரசாணைகளையும், அதன்பின் ‘லோக்கல் செல்ஃப் கவர்ன்மெண்ட்’ துறையின் அரசாணைகளையும் பாருங்கள். ஆண்டுவாரியான அகரவரிசைச் சுட்டி (இண்டெக்ஸ்) தொகுதிகளில் ஊர்ப் பெயரைத் தேடினால் ஆணை எண் கிடைக்கும். நகரசபைகளின் ஆண்டு நிர்வாக அறிக்கைகள் உங்களிடமுள்ள பட்டியலைச் சரிபார்க்க உதவும், மாவட்ட கெஜட்டியர்களின் (அரசு வெளியிட்ட மாவட்ட விவர நூல்கள்) புள்ளிவிவரப் பின்னிணைப்புகளில் நகரசபை வரவு செலவு சுருக்கமாகக் கிடைக்கும். ஊர்ப் பெயரின் பழைய ஆங்கில எழுத்துக்கூட்டலை முன்கூட்டியே குறித்துக்கொண்டு செல்லுங்கள். தஞ்சாவூரை ‘டாஞ்சூர்’ என்ற இடத்திலும் காஞ்சிபுரத்தை ‘கஞ்சீவரம்’ என்ற இடத்திலும்தான் தேட வேண்டியிருக்கும்.