கப்பலிலிருந்து கரைக்குக் கொண்டுவந்த செலவு: முன் அனுமதி வாங்கவில்லை என்று கிளெய்மை மறுக்கலாமா?

கேள்வி: எங்களுக்குக் கருங்கல் பக்கம். அப்பாவுக்கு வயது 67. துபாயில் இருக்கும் தம்பி, அப்பா அம்மா இருவருக்கும் சிங்கப்பூரிலிருந்து பினாங்கு, புக்கெட் போய்வரும் சொகுசுக் கப்பல் பயணம் பதிவு செய்து கொடுத்தான். மார்த்தாண்டத்தில் ஒரு டிராவல்ஸ் மூலம் 50,000 டாலருக்கு வெளிநாட்டுப் பயண பாலிசி எடுத்தோம். பிரீமியம் ரூ. 4,800. நடுக்கடலில் இரவில் அப்பாவுக்கு மாரடைப்பு. கப்பல் டாக்டர் ஊசி போட்டு, உடனே இறக்க வேண்டும் என்று சொல்லி, படகில் புக்கெட் கரைக்கு அனுப்பினார். அங்கே ஆஞ்சியோபிளாஸ்டி நடந்தது. ஒன்பது நாள் கழித்து ஒரு நர்ஸ் துணையோடு விமானத்தில் திருவனந்தபுரம் கொண்டுவந்தோம். மருத்துவமனை பில்லை இன்சூரன்ஸ் கம்பெனி கொடுத்துவிட்டது. கப்பல் கிளினிக் பில் 1.90 லட்சம், படகும் ஆம்புலன்சும் 3.40 லட்சம், திரும்பி வந்த செலவு 6.20 லட்சம் ஆகியவற்றை மறுத்துவிட்டார்கள். 'உதவி நிறுவனத்தின் முன் அனுமதி இல்லை. ரத்த அழுத்தத்தை மறைத்தீர்கள்' என்பது கடிதத்தில் உள்ள காரணம். உதவி நிறுவனம் என்பது பயணிகளின் அவசர உதவிக்காக இன்சூரன்ஸ் கம்பெனி அமர்த்தியிருக்கும் நிறுவனம். கடிதம் வந்து ஏழு மாதம் ஆகிறது. வழி உண்டா?

பதில்: உண்டு. ஆனால் 11.50 லட்சத்தையும் ஒரே கோரிக்கையாக வைத்தால், அதில் பலவீனமான பகுதி பலமான பகுதியையும் சேர்த்துக் கீழே இழுத்துவிடும். மூன்று செலவும் பாலிசியில் மூன்று வெவ்வேறு பிரிவுகளில் வருபவை. மூன்றாகவே பிரித்துக் கேளுங்கள்.

முதலில் ரத்த அழுத்தம். இந்தக் காரணத்துக்கு நீங்கள் நினைக்கிற அளவுக்குப் பயப்பட வேண்டியதில்லை. அதே மாரடைப்புக்கு, அதே பாலிசியில், மருத்துவமனைப் பணத்தைக் கொடுத்திருக்கிறார்கள். உண்மையை மறைத்ததால் பாலிசி செல்லாது என்றால் அந்தப் பில்லுக்கும் செல்லாமல் போயிருக்க வேண்டும். ஆஞ்சியோபிளாஸ்டிக்குச் செல்லுபடியான பாலிசி படகுக்கு மட்டும் எப்படிச் செல்லாமல் போகும் என்பதே உங்கள் முதல் வாதம். பணம் தந்தபோது 'முழுத் தீர்வாகப் பெற்றுக்கொண்டேன்' என்ற டிஸ்சார்ஜ் வவுச்சரில் அப்பா கையெழுத்திட்டாரா என்று பாருங்கள். போட்டிருந்தாலும் வழக்கு அடைபட்டுவிடாது. எந்தச் சூழலில் கையெழுத்து வாங்கினார்கள் என்று மட்டும் விளக்க வேண்டியிருக்கும்.

அதோடு, பாலிசி எடுக்கும்போது நிரப்பிய விண்ணப்பமான புரொபோசல் படிவத்தின் நகலை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். ரத்த அழுத்தம் பற்றிய கேள்வி அதில் இருந்ததா, 'இல்லை' என்று டிக் செய்தது யார், அப்பாவின் கையெழுத்தோ ஓ.டி.பி. ஒப்புதலோ இருக்கிறதா என்பவற்றை அதில்தான் பார்க்க முடியும். டிராவல்ஸ்காரர் உங்களைக் கேட்காமலே டிக் செய்திருந்தால் அவரையும் எதிர்மனுதாரராகச் சேர்க்கலாம். 2021-இல் மன்மோகன் நந்தா வழக்கில் உச்ச நீதிமன்றம், அமெரிக்கா போய் இறங்கியதும் மாரடைப்பு வந்த ஒரு பயணிக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. அந்தத் தீர்ப்பைப் பலர் கண்ணை மூடிக்கொண்டு மேற்கோள் காட்டுகிறார்கள். அந்தப் பயணி சர்க்கரை நோயைச் சொல்லியிருந்தார், கம்பெனி மருத்துவப் பரிசோதனையும் செய்திருந்தது. உங்கள் அப்பா தெரிந்தே மறைத்திருந்தால், 2009-இன் சத்வந்த் கவுர் சந்து தீர்ப்பு கம்பெனி பக்கம் நிற்கும். அப்போதும் ஒரு வாசல் இருக்கிறது. பல பயண பாலிசிகள், ஏற்கெனவே இருந்த நோயானாலும் உயிருக்கு ஆபத்தான அவசர நிலை என்றால், உடல்நிலை சீராகும் வரையான செலவை ஏற்கும் என்று ஒரு விதிவிலக்கு வைத்திருக்கும். பாலிசியில் 'உயிருக்கு ஆபத்தான' என்ற சொற்களைத் தேடிப் பாருங்கள்.

இனி முன் அனுமதி. சண்டையே இங்கேதான். நோயாளியை அவசரமாக இடம் மாற்றும் செலவுக்கான மருத்துவ வெளியேற்றப் பிரிவில் ஏறக்குறைய எல்லா பாலிசியும், போக்குவரத்தை உதவி நிறுவனம் ஏற்பாடு செய்யவோ ஒப்புக்கொள்ளவோ வேண்டும் என்கிறது. இது வெற்று நிபந்தனை இல்லை. எந்த மருத்துவமனை, எந்த வாகனம், என்ன விலை என்பதை முடிவு செய்யும் உரிமையைக் கம்பெனி அதன் மூலம்தான் கையில் வைத்திருக்கிறது. ஆகவே, 'அவசரத்தில் மறந்துவிட்டோம்' என்று மட்டும் எழுதினால் எடுபடாது.

படகுச் செலவில் உங்கள் பக்கம் வலுவாக இருக்கிறது. கப்பலிலிருந்து ஒரு நோயாளியை இறக்குவதைப் பயணி முடிவு செய்வதில்லை. கப்பல் மருத்துவர் சொல்கிறார், கேப்டன் உத்தரவிடுகிறார், துறைமுக ஏஜென்ட் படகையும் ஆம்புலன்சையும் வரவழைக்கிறார். அனுமதி கேட்டுக் காத்திருக்க உங்களுக்கு இடமே இல்லை. இதைச் சொன்னால் போதாது, ஆவணமாகக் காட்ட வேண்டும். அப்பா கையெழுத்திட்ட ஒப்புதலோடு கப்பல் நிறுவனத்துக்கு மின்னஞ்சல் அனுப்பி, முழு மருத்துவக் குறிப்பையும் ஈ.சி.ஜி. நகலையும், அவசரமாக இறக்க வேண்டும் என்று மருத்துவர் எழுதிய பரிந்துரையையும், துறைமுக ஏஜென்டின் பில்லையும் கேளுங்கள். கேபின் கணக்கின் கடைசி பில்லையும் மறக்காமல் கேளுங்கள். நடுக்கடலில் சாதாரண செல்போன் சிக்னல் இருக்காது. கப்பல் போனிலோ வைஃபையிலோ இன்சூரன்ஸ் எண்ணைத் தொடர்புகொண்டிருந்தால் அதன் கட்டணம் நேரத்தோடு அந்தப் பில்லில் பதிவாகியிருக்கும். ஒரேயொரு அழைப்பு இருந்தால்கூட வழக்கின் முகமே மாறும்.

கப்பல் கிளினிக் பில்லை மறுக்க, 'அது மருத்துவமனை இல்லை' என்று பின்னால் ஒரு புதுக் காரணம் கிளப்பக்கூடும். இந்தியப் பாலிசிகளின் வரையறைப்படி மருத்துவமனை என்றால் ஊரின் மக்கள்தொகையைப் பொறுத்து 10 அல்லது 15 படுக்கை, அறுவை அரங்கு, இரவும் பகலும் நர்ஸ் எல்லாம் வேண்டும். கப்பல் கிளினிக் அதில் தேறாது. ஆனால் மறுப்புக் கடிதத்தில் சொல்லாத காரணத்தை வழக்கில் புதிதாக எடுக்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2019-இல் சவுராஷ்டிரா கெமிக்கல்ஸ் வழக்கில் சொல்லிவிட்டது. கடிதத்தில் அந்தக் காரணம் இல்லாதவரை, நீங்களாக அதை எடுத்துக் கொடுக்காதீர்கள்.

திரும்பி வந்த 6.20 லட்சம்தான் உண்மையிலேயே கடினம். அப்பா ஒன்பது நாள் மருத்துவமனையில் இருந்தார். போன் இருந்தது, நேரமும் இருந்தது. உதவி நிறுவனத்தோடு பேசினீர்களா? பேசியும் பதில் வரவில்லையா? மருத்துவமனைப் பில்லுக்காக அவர்களோடு நடந்த மின்னஞ்சல்களைத் தேடுங்கள். எங்காவது ஒரு வரியில் ஊர் திரும்புவது பற்றிக் கேட்டிருந்தால் அதுவே அனுமதி கோரியதற்குச் சான்று. நர்ஸ் துணை மருத்துவத் தேவைதானா, வசதிக்கா என்ற கேள்விக்கு புக்கெட் மருத்துவரின் கடிதமும், விமான நிறுவனத்துக்குக் கொடுத்த மெடிஃப் என்ற மருத்துவத் தகவல் படிவமும் பதில் சொல்லும். அந்தப் படிவத்தில் 'துணை அவசியம்' என்று மருத்துவர் குறித்திருப்பார். இதெல்லாம் இருந்தும் அனுமதி கேட்டதற்குச் சான்று இல்லையென்றால், மாற்றுக் கோரிக்கையாக இதை வையுங்கள்: உதவி நிறுவனமே ஏற்பாடு செய்திருந்தால் ஆகியிருக்கும் தொகையையாவது தரவேண்டும். முழுத் தொகை கிடைக்காவிட்டாலும் இது ஒரு பகுதியை மீட்டுத் தரும். பயன்படுத்தாத திரும்பும் டிக்கெட்டுக்குக் கிடைத்த பணத்தை நீங்களே கழித்துக் காட்டிவிடுங்கள். மறைத்தால் நம்பகத்தன்மை போகும்.

எங்கே போவது? முதலில் கம்பெனியின் குறைதீர் அதிகாரிக்கு, மூன்று தலைப்பாகப் பிரித்த கடிதத்தை அனுப்பிப் பதிவு எண் வாங்குங்கள். இன்சூரன்ஸ் துறையின் ஒழுங்குமுறை அமைப்பான ஐ.ஆர்.டி.ஏ.ஐ.யின் 2024 சுற்றறிக்கைப்படி, கிளெய்ம் மறுஆய்வுக் குழுவின் ஒப்புதல் இல்லாமல் கிளெய்மை மறுக்கக் கூடாது, மறுப்புக்கு எந்த நிபந்தனை என்று குறிப்பிட வேண்டும். அந்தக் குழுவின் முடிவின் நகலையும் கடிதத்திலேயே கேளுங்கள். ஒரு மாதத்தில் சரியான பதில் இல்லையென்றால் சென்னையில் உள்ள இன்சூரன்ஸ் ஓம்புட்ஸ்மேனிடம் (குறைதீர்ப்பாளர்) போகலாம். கட்டணம் இல்லை, 50 லட்சம் வரை விசாரிப்பார், வக்கீல் அங்கே வாதாட முடியாது. முடிவு கம்பெனியைக் கட்டுப்படுத்தும். உங்களுக்குத் திருப்தி இல்லையென்றால் அதன் பிறகும் நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். ஆனால் ஆணையத்தில் வழக்கு நடக்கும்போது ஓம்புட்ஸ்மேன் கையில் எடுக்கமாட்டார். உங்கள் வழக்கு பெரும்பாலும் ஆவணங்களைச் சார்ந்தது என்பதால் ஓம்புட்ஸ்மேனிடமே முதலில் போகச் சொல்வேன். மன உளைச்சலுக்கும் சேர்த்து இழப்பீடு வேண்டுமென்றால் நேரே ஆணையம்.

மும்பையிலோ சென்னையிலோ தலைமையகம் இருக்கிறதே என்று தயங்காதீர்கள். 2019-இன் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, நீங்கள் குடியிருக்கும் இடத்திலேயே, அதாவது நாகர்கோவிலில் உள்ள மாவட்ட ஆணையத்தில் மனு போடலாம். அதிகார வரம்பைத் தீர்மானிப்பது கேட்கும் தொகை அல்ல, கொடுத்த பிரீமியம். 5 லட்சத்துக்குக் கீழ் என்பதால் கட்டணம் கிடையாது. நுகர்வோர் வழக்குகளுக்கான இ-ஜாக்ரிதி இணையதளத்திலும் பதிவு செய்யலாம். நோட்டீஸ் கிடைத்த பிறகு பதில் தர எதிர்த்தரப்புக்கு 30 நாள், மிஞ்சினால் இன்னும் 15 நாள். காலவரம்பு மறுப்புக் கடிதத்திலிருந்து இரண்டு ஆண்டு. இடையில் எத்தனை நினைவூட்டல் எழுதினாலும் அந்தக் கணக்கு நிற்காது. ஏழு மாதம் போய்விட்டது. வாட்ஸ்அப், மின்னஞ்சல் அச்சுப்பிரதிகளோடு மின்னணு ஆவணங்களுக்குத் தேவையான, பாரதிய சாக்ஷிய சட்டத்தின் 63-ஆம் பிரிவுச் சான்றையும் இணைத்துவிடுங்கள்.

பணம் தம்பியின் துபாய் கார்டிலிருந்து போயிருக்கும் என்று நினைக்கிறேன். 'காப்பீடு பெற்றவர் செலவு செய்யவில்லை' என்று கிளப்ப இது போதும். மனுதாரர் அப்பாவாகவே இருக்கட்டும். அப்பாவுக்காகவே கட்டினேன், அவர் திருப்பித் தரவேண்டிய பணம் என்று தம்பி துபாய் இந்தியத் துணைத் தூதரகத்தில் சான்றொப்பமிட்ட பிரமாணப் பத்திரம் ஒன்றைக் கொடுக்கட்டும், கார்டு ஸ்டேட்மென்டோடு சேர்த்து.