மீன் திரும்பி வந்த தீவு: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: பிலிப்பைன்ஸில் ஒரு சின்னத் தீவு, மீன் பிடிக்காமல் விட்டே மீனைப் பெருக்கிக்கொண்டது என்று போன இதழில் ஒரு வரி எழுதியிருந்தீர்கள். நாங்கள் தலைமுறையாகக் கடலுக்குப் போகிறவர்கள். பிடிக்காமல் விட்டால் அடுப்பு எப்படி ஐயா எரியும்?
(வாசகர், தூத்துக்குடி)

பதில்: அண்ணாச்சி, அந்தத் தீவுக்காரர்களுக்கும் முதலில் வந்த சந்தேகம் இதுதான். தீவின் பெயர் அபோ. நெக்ரோஸ் தீவின் தென்கோடிக்குப் பக்கத்தில் இருக்கிறது, ஒரு சதுர கிலோமீட்டர்கூட வராது. எழுபதுகளில் அந்தப் பகுதி முழுக்க மீன் பிடிக்க வெடியும் சயனைடு விஷமும்தான். வெடி போட்டால் மேலே மிதந்து வரும் மீனை அள்ளலாம், ஆனால் நிறைய மீன் காற்றுப்பை கிழிந்து அடியில் போய்விடும், அது யாருக்கும் கிடைப்பதில்லை. அதைவிட மோசம், நம் மீனவர்கள் 'பார்' என்கிறார்களே, அந்தப் பவளப்பாறை சரளைக்கல்லாக நொறுங்கிப்போகும். அலை அடிக்கும்போதெல்லாம் அந்தச் சரளை உருண்டுகொண்டே இருப்பதால் புதுப் பவளக்குஞ்சு வந்து ஒட்டினாலும் நிலைக்காது. ஒரு நொடி வெடிக்கு, பத்து இருபது வருஷம் அந்த இடம் மொட்டை.

டுமகெட்டே நகரத்து சில்லிமன் பல்கலைக்கழகத்தில் ஏஞ்சல் அல்காலா என்று ஓர் உயிரியலாளர் இருந்தார். (1992-ல் மகசேசே விருது வாங்கியவர், 2023-ல் காலமானார்.) அவரும் அவருடைய ஆட்களும் 1979 வாக்கில் அபோவுக்குப் போய்ப் பேச ஆரம்பித்தார்கள். உத்தரவு எதுவும் கொண்டுபோகவில்லை. மூன்று வருஷம் பேச்சுதான். நம்பாதவர்களைச் சுமிலோன் என்ற இன்னொரு தீவுக்கு அழைத்துப்போய், அங்கே 1974-லிருந்து மீன்பிடிக்காமல் விட்டிருந்த இடத்தைக் காட்டினார்கள். கடைசியில் 1982-ல் சில குடும்பங்கள் மட்டும் முன்வந்து, கரையோரம் சுமார் 450 மீட்டர் நீளத்துக்கு ஒரு துண்டை மூடினார்கள். உங்கள் கேள்விக்கு விடை இதில்தான் இருக்கிறது. கடலை மூடவில்லை, ஒரு துண்டைத்தான் மூடினார்கள். தீவைச் சுற்றி மீதி முழுக்கத் தூண்டில் போட்டுக்கொண்டேதான் இருந்தார்கள், அடுப்பும் எரிந்துகொண்டுதான் இருந்தது. காவலுக்குப் படகு வேண்டாம், துப்பாக்கி வேண்டாம். கரையிலிருந்து பார்த்தாலே முழுத் துண்டும் தெரியும் என்பதால், குடும்பங்கள் முறை வைத்து ஒருவர் மணலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டாலே போதுமாக இருந்தது.

1983-லிருந்து 2001 வரை அங்கே எண்ணிப் பார்த்திருக்கிறார்கள். மூடிய துண்டுக்குள் பாரை வகைகளும் பாசி மேயும் இன்னொரு மீன் குடும்பமும் சேர்ந்து எடையில் மூன்று மடங்காகியிருந்தன. உள்ளே இடம் நிறைந்ததும் மீன் வெளியே வழிகிறது, துண்டின் விளிம்பை ஒட்டிய வெளிப்பகுதியிலும் அந்த மீன்கள் பெருகியிருந்தன. இன்னொன்றும் சொல்ல வேண்டும். பெரிய தாய்மீன் ஒன்று போடும் முட்டை, சின்ன மீன்கள் பல சேர்ந்து போடுவதைவிட அதிகம். அந்தத் தாய்மீன் கிழமாகும் வரை உயிரோடு இருக்க ஓர் இடம் வேண்டும், அவ்வளவுதான் விஷயம்.

கேள்வி: இவ்வளவு நல்ல பலன் என்றால் அரசாங்கமே ஒரு சட்டம் போட்டு எல்லா இடத்திலும் செய்துவிடலாமே? எதற்கு மூன்று வருஷம் பேச வேண்டும்?
(வாசகி, சென்னை)

பதில்: சட்டம் இல்லாமல் இல்லை, நல்ல சட்டமே இருக்கிறது. பிலிப்பைன்ஸில் 1991-ல் வந்த உள்ளாட்சிச் சட்டப்படி கரையிலிருந்து 15 கிலோமீட்டர் வரை உள்ள கடல் அந்தந்த ஊராட்சியின் பொறுப்பு. 1998-ல் வந்த மீன்வளச் சட்டம் அந்தக் கடலில் சின்னப் படகுக்காரர்களுக்கு முன்னுரிமை தந்தது, 3 டன்னுக்கு மேற்பட்ட வணிகப் படகுகள் பொதுவாக உள்ளே வரக்கூடாது என்றும் சொன்னது. இதை வைத்துத்தான் ஊருக்கு ஊர், அபோவில் மூடிய துண்டைப் போன்ற காப்பிடங்கள் வந்தன, இன்று 1,500-க்கும் மேல். ஆனால் அவற்றில் பல, காகிதத்தில் மட்டும் இருப்பவை. பலகை நட்டிருப்பார்கள், மிதவை கட்டியிருப்பார்கள், காவலுக்கு ஆள் இருக்காது.

மேலே சொன்ன சுமிலோனையே எடுத்துக்கொள்ளுங்கள். முதலில் மூடிய இடம் அது, அபோவுக்கே பாடம் சொன்ன இடம். அங்கே குடியிருப்பு கிடையாது, 'இது எங்களுடையது' என்று கரையில் உட்கார யாரும் இல்லை. உள்ளூர் அரசியல் மாறியது, 1984-ல் காவல் போனது, உள்ளே இறங்கிப் பிடித்தார்கள். ஒன்றரை வருஷத்துக்குள், அந்தத் தீவைச் சுற்றிக் கிடைத்த மொத்த மீன் பாதிக்கும் கீழே போய்விட்டது. கவனியுங்கள், மூடியிருந்தபோது மிச்ச இடத்தில் மட்டும் பிடித்து அதிகம் கிடைத்தது, எல்லாவற்றையும் திறந்துவிட்டதும் குறைந்துபோனது! பத்து வருஷம் சேர்த்ததை ஒன்றரை வருஷத்தில் தின்று தீர்த்துவிட்டார்கள். அதனால்தான் அந்த மூன்று வருஷப் பேச்சை நேர விரயம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பல ஊர்களில் இன்று 'பந்தாய் தாகாத்', அதாவது கடல் காவல் என்று தொண்டர் குழுக்கள் இருக்கின்றன. பகலில் மீன் பிடித்துவிட்டு இரவில் ஒரு டார்ச்சோடு ரோந்து போகிற சாதாரண மீனவர்கள், வெடிக்காரனையும் பெரிய படகுக்காரனையும் எதிர்கொண்டு சிலர் உயிரையே இழந்திருக்கிறார்கள். அவர்களுக்கு ஒழுங்கான சம்பளமும் காப்பீடும் கொடுக்காமல் காப்பிடங்களின் எண்ணிக்கையை மட்டும் பெருமையாகச் சொல்வது எனக்குச் சரியாகப் படவில்லை.

கேள்வி: மீன் தானாக வரும், சரி. சிப்பியும் அப்படித் திரும்பி வருமா?
(கல்லூரி மாணவர், மதுரை)

பதில்: நல்ல கேள்வி தம்பி. வராது, சில வகைகள் வரவே வராது. அங்கே 'தக்லோபோ' என்று ஒரு ராட்சதச் சிப்பி உண்டு. பெரிய வகை ஒரு மீட்டருக்கு மேல் நீளம், 200 கிலோவுக்கு மேல் எடை, வாய் திறந்திருக்கும்போது உள்ளே நீலமும் பச்சையும் பழுப்புமாக வெல்வெட் துணியை மடித்துவைத்த மாதிரி சதை தெரியும், உங்கள் நிழல் மேலே விழுந்தால் போதும், மெல்லச் சுருங்கிக்கொள்ளும். அந்தச் சதைக்குள் நுண்பாசி குடியிருக்கிறது, வெயிலில் அது சமைக்கும் உணவில்தான் பெரும்பாலும் சிப்பியின் பிழைப்பு, அதனால்தான் தெளிந்த ஆழமில்லாத நீரில் இருக்கிறது, மனிதன் கையில் சுலபமாகவும் மாட்டுகிறது. இறைச்சிக்கு ஒரு பக்கம், ஓட்டுக்கு ஒரு பக்கம். தேவாலயங்களில் தீர்த்தத் தொட்டியாகவே அந்த ஓடு இருக்கும்.

இது நகராது. விந்தையும் முட்டையையும் தண்ணீரில் விடும், இரண்டும் தண்ணீரிலேயே சந்திக்க வேண்டும். கிலோமீட்டருக்கு ஒன்று என்று மிஞ்சினால், இருந்தும் வாரிசில்லை. எண்பதுகளில் பிலிப்பைன்ஸ் கடலில் பெரிய வகை கிட்டத்தட்ட அந்த நிலைக்கு வந்துவிட்டது. பங்கசினான் மாகாணத்து போலினாவோவில், பிலிப்பைன்ஸ் பல்கலைக்கழகத்தின் கடல் ஆய்வகத்தில் எட்கார்டோ கோமஸ் என்ற விஞ்ஞானி வெளிநாட்டிலிருந்து சிப்பிகளை வரவழைத்துத் தொட்டியில் குஞ்சு பொரிக்க வைத்தார். பிறகு பல வருஷ வேலை. விரல்நகம் அளவு குஞ்சுகள் மேல் பாசி படியாமல் பிரஷ்ஷால் தேய்த்துவிடுவது, கடலில் கூண்டில் வைப்பது, நத்தை தின்றுவிடாமல் பார்ப்பது, கொஞ்சம் பெரிதானதும் கொண்டுபோய் நெருக்கமாக நடுவது. இப்படிப் பல்லாயிரம் சிப்பிகள் நாட்டின் பல கடற்கரைகளுக்குப் போயின. கோமஸ் 2019-ல் காலமானார். ஆனால் அதற்குள், நட்ட சிப்பிகளுக்குப் பிறந்த குட்டிகள் யாரும் வைக்காமலே பாறையில் ஒட்டி வளர்ந்திருப்பதைப் போலினாவோ பக்கம் கண்டுவிட்டார்கள். அதைப் படித்த நாள் எனக்கு உண்மையிலேயே சந்தோஷமான நாள். அப்புறம் 2021-ல் பலவான் பக்கம் ஒரு தீவில் 200 டன் ராட்சதச் சிப்பி ஓடுகளைக் கடத்தலுக்குக் குவித்து வைத்திருந்ததைப் பிடித்தார்கள் என்ற செய்தியும் வந்தது, வயிறு எரிந்தது.

கேள்வி: நான் மணிலாவில் வேலை பார்க்கிறேன். பச்சை ஓட்டுச் சிப்பியில் குழம்பு வைத்தால் நன்றாகக் கொதிக்கவிட்டால் போதும்தானே? இங்குள்ள நண்பர்கள் 'ரெட் டைட்' என்று பயமுறுத்துகிறார்கள்.
(வாசகர், மணிலா)

பதில்: நண்பர்கள் சொல்வதைக் கேளுங்கள். நன்றாகக் கொதித்தாலும் அந்த நஞ்சு போகாது. 'ரெட் டைட்' என்பது நஞ்சுள்ள ஒரு நுண்ணுயிர் கடலில் பெருகுவது. 1983-ல் சாமார் தீவுப் பக்கம் முதலில் தலைகாட்டியது, பெருகும்போது சிப்பி அதையும் வடிகட்டி உள்ளே சேர்த்துக்கொள்ளும். சிப்பிக்கு ஒன்றும் ஆகாது, சாப்பிடுகிறவருக்கு உதடும் நாக்கும் மரத்து, மோசமானால் மூச்சே நின்றுவிடும். நஞ்சை முறிக்கும் மருந்து கிடையாது, உடனே மருத்துவமனைக்கு ஓட வேண்டும். மீன்வளத் துறை எந்த விரிகுடாவில் நஞ்சு இருக்கிறதென்று பெயர் சொல்லி அறிவிக்கும், அதைப் பார்த்துவிட்டு வாங்குங்கள். அங்கிருந்து வரும் சிப்பியும் கூனி இறாலும் வேண்டவே வேண்டாம். மீனும் நண்டும் புதிதாக இருந்து, குடலும் செவுளும் நீக்கிக் கழுவினால் சாப்பிடலாம்.

கேள்வி: அங்கும் கரையோரம் அலையாத்திக் காடு நடுகிறார்களாமே, பலன் உண்டா?
(வாசகர், சிதம்பரம்)

பதில்: பிச்சாவரத்துக்காரர் கேட்கிறீர்கள், அதனால் உங்களுக்குச் சட்டென்று புரியும். அங்கே பல திட்டங்களில் சுரபுன்னை என்ற ஒரு வகை அலையாத்தி மரத்தை மட்டும் வரிசையாக நட்டார்கள், அதுவும் சேற்றுத் திட்டிலும் கடல்புல் படுகையிலும். ஏனென்றால் அதன் விதைக்குச்சியைச் சேற்றில் சொருகினால் போதும், போட்டோவுக்கும் அழகு. அலை முகத்தில் நிற்க வேண்டியது வெண்கண்டல் வகை, சுரபுன்னைக்கு அங்கே இடமில்லை, பெரும்பகுதி செத்தது. ஜர்கீன் பிரிமவேரா என்ற விஞ்ஞானி இதைப் பல வருஷமாகச் சொல்லிவருகிறார். காட்டை அழித்து வெட்டிய மீன் பண்ணைகளில் கைவிடப்பட்டவை ஏராளம், அவற்றின் கரையை உடைத்து அலை உள்ளே போய்வர விட்டாலே காடு திரும்பும் என்பது அவர் வாதம். இலோயிலோ பக்கம் லெகானெஸில் அப்படி ஒரு பழைய பண்ணையை மீண்டும் அலையாத்திக் காடாக்கியிருக்கிறார்கள்.