சாப்பிட்டாச்சா என்று கொரியனில் கேட்பது எப்படி? வாசகர் கேள்வி பதில்

(ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு கொரியக் கம்பெனியில் மொழிபெயர்ப்பாளராக இருந்துவிட்டு, இப்போது நாகர்கோவில் வடசேரியில் பிள்ளைகளுக்குக் கொரியன் சொல்லிக்கொடுக்கும் நம் வாசகி பதில் அளிக்கிறார்.)

என் மகன் மேல்படிப்புக்குத் தென்கொரியாவின் பூசான் நகருக்குப் போகிறான். கொரியத் தொடர்களைப் பார்த்துவிட்டு வீட்டில் எந்நேரமும் 'பேகோப்பா, பேகோப்பா' என்று சொல்லித் திரிகிறான். அங்கேயும் அதுவே போதுமா அக்கா?
*ஒரு தாய், தக்கலை*

கூட்டாளிகளிடம் போதும். மற்றவர்களிடம் 'பேகோப்பாயோ' என்று கடைசியில் ஒரு 'யோ' சேர்க்கச் சொல்லுங்கள். பசிக்கிறது என்பதற்கு அந்த 'யோ' இருந்தால் மரியாதை. இல்லாவிட்டால் பையன் திமிர் பிடித்தவன் என்று நினைப்பார்கள்.

உண்மையான சிக்கல், சாப்பிட்டாச்சா என்று கேட்பதில்தான். கூட்டாளியிடம் 'பப் மொகொஸ்ஸொ?'. கொஞ்சம் தள்ளிப் பழகுகிறவரிடம் 'பப் மொகொஸ்ஸொயோ?'. பேராசிரியரிடம் இந்த வார்த்தைகளே கூடாது, 'ஷிக்சா ஹஷ்யொஸ்ஸொயோ?' என்று கேட்க வேண்டும். நண்பனின் பாட்டியைப் பார்த்தால் 'ஜின்ஜி துஷ்யொஸ்ஸொயோ?'. 'சோறு தின்னியா மக்களே' என்று பிள்ளையிடம் கேட்கிற அதே வாயால் சம்பந்தி வீட்டுப் பெரியவரிடம் நாம் கேட்போமா? அதே கணக்குத்தான்.

எங்கள் கம்பெனி கேன்டீனில் புதிதாகச் சேர்ந்த ஒரு பையன், தலை நரைத்த கொரிய மேனேஜரிடம் சிரித்த முகமாகப் போய் 'பப் மொகொஸ்ஸொ?' என்று கேட்டான். அவர் கையிலிருந்த ஸ்பூன் சூப்புக்கு மேலே அப்படியே நின்றுவிட்டது. அப்புறம் என்னைத் திரும்பிப் பார்த்து, 'இவன் எந்தத் தொடர் பார்க்கிறான்?' என்றார். அவர் நல்ல மனிதர், சிரித்துவிட்டார். எல்லாரும் அப்படி இருப்பார்கள் என்று நம்பிப் போகக் கூடாது.

இன்னும் இரண்டு வாக்கியம் அவனுக்குக் கட்டாயம் வேண்டும். சாப்பிட உட்கார்ந்ததும் 'ஜால் மொக்கெசும்னிதா', முடித்ததும் 'ஜால் மொகொசும்னிதா'. நன்றாகச் சாப்பிடப்போகிறேன், நன்றாகச் சாப்பிட்டேன். ஹோட்டலிலும் காசு கொடுத்துவிட்டுக் கிளம்பும்போது இரண்டாவதைச் சொல்லலாம், கல்லாவில் இருப்பவர் முகம் மலரும். பெரியவர் ஸ்பூனை எடுத்த பிறகே இவன் எடுக்க வேண்டும். சோற்றையும் ஸ்பூனால்தான் சாப்பிடுவார்கள்; கிண்ணத்தைக் கையில் தூக்காமல் மேசையிலேயே வைத்துச் சாப்பிடுவது அங்கே முறை. தொட்டுக்கொள்ள வைக்கும் கூட்டு, பொரியல் மாதிரியான 'பஞ்சான்' தீர்ந்தால் 'தொ ஜுசேயோ', இன்னும் கொடுங்கள் என்று கேட்கலாம். பெரும்பாலான கடைகளில் அதற்குத் தனிக்காசு கிடையாது.

பார்க்கிறவர்கள் எல்லாம் சாப்பிட்டாயா என்று ஏன் கேட்கிறார்கள்? ஒரு கொரியத் தோழி 'பப் ஹன்பொன் மொக்ஜா' என்று சொன்னாள். ஒரு நாள் சேர்ந்து சாப்பிடலாம் என்று அர்த்தமாம். அப்புறம் கூப்பிடவே இல்லை. என் மேல் கோபமா?
*கல்லூரி மாணவி, குளச்சல்*

கோபம் எல்லாம் இல்லை. நாள், நேரம் சொன்னால்தான் அது அழைப்பு. சொல்லாவிட்டால், 'ஒரு நாள் வீட்டுக்கு வாங்களேன்' என்று பஸ் ஏறும்போது நாம் சொல்வோமே, அந்த ரகம். நீங்களே 'சனிக்கிழமை?' என்று கேட்டுப் பாருங்கள்.

சாப்பிட்டாயா என்பதும் பெரும்பாலும் நலம் விசாரிப்புதான். 'நே, மொகொஸ்ஸொயோ' (ஆமாம், சாப்பிட்டேன்) என்று முடித்துக்கொள்ளலாம். அந்தக் கேள்விக்குப் பின்னால் பழைய பசி இருக்கிறது என்று ஒரு விளக்கம் சொல்வார்கள். முந்தைய அறுவடை அரிசி தீர்ந்து, பார்லி இன்னும் விளையாத வசந்தகால மாதங்களை அங்கே 'போரித்கோகே' என்பார்கள். 1960கள் வரை கிராமங்களில் அது நிஜமான பட்டினிக் காலம். நம் பக்கத்து வயதானவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். இரண்டாம் உலகப் போரில் பர்மா அரிசி நின்றபோது திருவிதாங்கூரில் மரச்சீனிக் கிழங்குதான் பல வீடுகளில் அடுப்பெரிய வைத்தது. எனக்கு இந்த விளக்கம் பிடிக்கும். ஆனால் பசி தெரியாத ஊர்க்காரர்களும் சாப்பிட்டாயா என்று கேட்கத்தான் செய்கிறார்கள்.

'துஸேயோ' (சாப்பிடுங்கள்) என்று நான் சொன்னால் மாஸ்டர் தப்பு என்கிறார். எங்கே தப்பு?
*ஒரு வாசகர், மார்த்தாண்டம்*

உதட்டைக் குவிக்கிறீர்கள். 'பத்து' என்று பேச்சில் சொல்லும்போது கடைசி உகரத்துக்கு உதடு குவிவதில்லை அல்லவா? நம் குற்றியலுகரம். அதே ஒலியை முதல் எழுத்தில் வையுங்கள். இந்திக்காரர்கள் மாதக்கணக்கில் திணறுவது நமக்கு இலவசமாகக் கிடைக்கிறது.

நாங்கள் சுத்த சைவம். 'கோகி பேகோ ஜுசேயோ' (இறைச்சி இல்லாமல் கொடுங்கள்) சொன்னால் போதுமா?
*ஒரு குடும்பத்தலைவி, சுசீந்திரம்*

போதாது. இறைச்சியை மட்டும்தான் எடுப்பார்கள். சூப்புக்கும் குழம்புக்கும் அடிப்படைத் தண்ணீரே பல இடங்களில் காய்ந்த நெத்திலியைக் கொதிக்க வைத்து இறக்கியது. குளச்சல் கடற்கரையில் காயப்போடுகிறோமே, அதே சாதி மீன், அங்கே 'மியொல்ச்சி'. அவர்களுடைய காய்கறி ஊறுகாயான கிம்ச்சியிலும் பெரும்பாலும் மீன் சாறோ உப்பிட்ட இறாலோ சேர்ந்திருக்கும். அதனால் 'செங்சொந்தோ அன் மொகொயோ', மீனும் சாப்பிட மாட்டேன் என்று சேர்த்துச் சொல்லுங்கள். புத்தக் கோயில் சமையல், 'சாச்சல் உம்ஷிக்', கிடைத்தால் விடாதீர்கள். மீனும் இறைச்சியும் இல்லை, வெங்காயமும் பூண்டும்கூட இல்லை.

'பசி உயிர் போகுது' என்பதற்குக் கொரியனில் என்ன?
*ஒரு மாணவன், குலசேகரம்*

'பேகோப்பா ஜுக்கெஸ்ஸொயோ.' நண்பன் வீட்டு அம்மா காதில் விழும்படி சொன்னால் கிண்ணம் காலியாகவே விடமாட்டார்கள். அப்போது 'பேபுல்லொயோ', வயிறு நிறைந்துவிட்டது என்று சொல்லுங்கள். முதல் தடவை யாரும் நம்ப மாட்டார்கள், இரண்டு தடவை சொல்ல வேண்டியிருக்கும்.